அப்பா கேட்டாரே, என்ன சொன்னீர்கள்?

கேள்வி: பெங்களூரு அல்சூரில் இருக்கிறேன். வயது 27. மெக்கானிக்கல் பி.இ. இயந்திர பாகங்களின் வலிமையைக் கணினியில் கணக்கிடும் வேலை. உலோகத்தில் விரிசல் எப்படி வளர்கிறது என்பதில் பி.எச்டி. செய்ய ஆசை. ஆனால் வீட்டுக் கடனும் தங்கை கல்யாணமும் இருக்கின்றன. எல்லாரும் ஏ.ஐ. படி என்கிறார்கள். இந்திய அறிவியல் கழகத்திலிருந்து இரண்டு முறை நேர்காணலுக்கு அழைத்தும் போகவில்லை. பீன்யாவில் லேத் ஓட்டி ஓய்வுபெற்ற அப்பா, "டாட்டா இன்ஸ்டிட்யூட்லேர்ந்து ஏதாச்சும் வந்துச்சா?" என்று கேட்டார் (அறிவியல் கழகத்தை அப்படித்தான் சொல்வார்). இல்லை என்று சொல்லிவிட்டேன். இந்தத் துறைக்கு எதிர்காலம் உண்டா?

பதில்: தம்பி, துறையின் எதிர்காலம் இருக்கட்டும். அப்பா கேட்டதைப் போகிற போக்கில் எழுதிவிட்டீர்கள். எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக முடியவில்லை.

வேண்டாம் என்று நினைக்கிறவர் ஏன் கேட்கப்போகிறார்? அவர் காத்திருந்திருக்கிறார். நீங்களோ அவர் முகத்தைப் பார்த்து ஒரு பொய் சொல்லிவிட்டு, குடும்பத்துக்காக ஆசையைத் துறந்ததாக எனக்கு எழுதுகிறீர்கள். உங்களை யாரும் தடுக்கவில்லை. கேட்டால் மறுப்பார்களோ என்ற பயத்தில், கேட்காமலே அவர்களுக்கும் சேர்த்து நீங்களே முடிவெடுத்துவிட்டீர்கள். நாளைக்கு ஒரு சண்டையில் "உங்களுக்காகத்தான் விட்டேன்" என்று இதைச் சொல்லிக்காட்டவும் செய்வீர்கள். அவர்கள் வாங்காத கடனை அவர்கள் தலையில் எழுதுவதைக் கடமை என்று நான் ஏற்க மாட்டேன். தங்கை என்ன படித்தாள், என்ன நினைக்கிறாள் என்று கடிதத்தில் ஒரு சொல்கூட இல்லை. அவளையும் கேட்கவில்லை, அப்படித்தானே?

ஷாஃப்டில் (சுழலும் தண்டில்) படி வெட்டும்போது மூலையைக் கூராக விடாமல் ஏன் ரேடியஸ் கொடுத்து வளைக்கிறோம் என்று அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். கூரான மூலையில்தான் முறியும் என்பது லேத் ஓட்டிய கைக்குத் தெரியும். 1954-இல் காமெட் என்ற பயணிகள் ஜெட் விமானங்கள் நடுவானில் சிதறியதும் இதே சங்கதிதான்: காற்றழுத்தம் திரும்பத் திரும்ப ஏறி இறங்கியதில், விமான உடலில் வெட்டிய திறப்பின் மூலையருகே விரிசல் விட்டது. நீங்கள் படிக்க ஆசைப்படுவது அவர் காலமெல்லாம் செய்த வேலையின் கணக்கைத்தான். அதை அவரிடமா மறைப்பது?

இனி நீங்கள் கேட்டது. ஏ.ஐ. எவ்வளவு வளர்ந்தாலும், டர்பைன் பிளேடு சூட்டில் எவ்வளவு நீள்கிறது என்பதை ஒருவர் சோதனைச்சாலையில் அளந்துதான் ஆக வேண்டும். நீங்கள் இருக்கும் ஊரிலேயே நேஷனல் ஏரோஸ்பேஸ் லேபரட்டரீஸ் இருக்கிறது; காவேரி ஜெட் எஞ்சினை உருவாக்கிய ஜி.டி.ஆர்.இ. ஆய்வகம் இருக்கிறது, ஜக்கூரில் ஜவஹர்லால் நேரு உயர் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வேலை இல்லாத துறை அல்ல.

ஆனால் பாதை நீளம். உதவித்தொகை முதல் இரண்டு ஆண்டு மாதம் 37,000 ரூபாய், பிறகு 42,000. பி.எச்டி. முடிய ஐந்து ஆண்டாவது ஆகும். ஐ.ஐ.டி.யில் உதவிப் பேராசிரியர் முதல் நிலைக்கு அதன்பின் மூன்றாண்டு அனுபவம் கேட்பார்கள். ஆக, முப்பத்தைந்தைத் தொட்டுவிடுவீர்கள். கடன் தவணைக்கு இது கட்டாதென்றால், வேலையில் இருந்தபடியே பதிவு செய்யும் வழியும் அறிவியல் கழகத்தில் உண்டு. உங்கள் நிறுவனம் சம்மதிக்க வேண்டும். அவர்களிடமாவது கேட்டீர்களா? பொறியியல் மேற்படிப்புக்கான கேட் (GATE) தேர்வு மதிப்பெண் மூன்று ஆண்டுதான் செல்லும். உங்களுடையதில் எத்தனை மாதம் மிச்சம் என்று இன்றே பாருங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை தங்கையையும் கூப்பிட்டு உட்காரவைத்துக்கொண்டு, அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் அப்பாவுக்குப் படித்துக் காட்டுங்கள். "வந்துச்சுப்பா, நான்தான் சொல்லலை" என்று முதலில் சொல்லிவிடுங்கள். சம்பளம், தவணை, உதவித்தொகைக் கணக்கெல்லாம் அதற்குப் பிறகு. அவர் கோபித்துக்கொண்டால் குறுக்கே பேசாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.