பொண்ணு அதிகம் பேசமாட்டாள், டயாலிசிஸ் படிப்பில் சேர்க்கலாமா?

சார், நீங்கள் எழுதியது ரொம்ப நீளம், ஆனால் அதில் இருப்பது இரண்டே கவலைதான். பிஎஸ்சி டயாலிசிஸ் டெக்னாலஜி என்றால் வெறும் மெஷின் ஓட்டுகிற வேலையா, அதற்கு மரியாதை உண்டா என்பது ஒன்று. வீட்டுக்கு வந்த விருந்தாளியிடமே நாலு வார்த்தை பேசாத பொண்ணு, ஆஸ்பத்திரியில் டாக்டர், சிஸ்டர், நோயாளியின் சொந்தக்காரர்கள் என்று இத்தனை பேர் நடுவில் எப்படித் தாக்குப்பிடிப்பாள் என்பது இன்னொன்று.

முதல் கவலைக்குச் சுருக்கமாகவே சொல்லிவிடுகிறேன். வேலை இருக்கிறது. மாவட்ட ஆஸ்பத்திரிகளிலேயே டயாலிசிஸ் கிடைக்க வேண்டும் என்று மத்திய அரசு 2016-ல் தனியாக ஒரு திட்டம் தொடங்கியது, நம் மாநிலத்தில் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் வருகிறது, தனியார் பக்கம் சொல்லவே வேண்டாம். மரியாதை விஷயத்தில், 2021-ல் அலைடு ஹெல்த் (டெக்னீஷியன், பிசியோ போன்ற) துறைகளுக்கென்றே தேசிய ஆணையச் சட்டம் வந்துவிட்டது. முன்பு யார் வேண்டுமானாலும் ஆறு மாத சர்டிபிகேட்டைக் காட்டி உள்ளே நுழையலாம் என்று இருந்த நிலைமை மெல்ல மாறும். மெல்லத்தான்.

இரண்டாவது கவலைக்கு வருகிறேன். இதை எந்த அப்பா அம்மாவும் கல்லூரியில் கேட்பதில்லை. லேப் எப்படி, ஹாஸ்டல் எப்படி, பிளேஸ்மென்ட் எவ்வளவு என்று கேட்டுவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள்.

மெஷினை இயக்குவதை முறையாகச் சொல்லிக்கொடுத்தால் எந்தப் பிள்ளையும் கற்றுக்கொள்ளும். ஆனால் ஒரு டயாலிசிஸ் நோயாளி வாரத்துக்கு இரண்டு மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் சுமார் நாலு மணி நேரம் படுத்திருக்கிறார், மெஷின் அவர் ரத்தத்தைச் சுத்தப்படுத்தி, உடம்பில் தேங்கிய தண்ணீரையும் எடுக்கிறது. சிறுநீரக டாக்டர் ரவுண்ட்ஸில் வந்து சில நிமிடம் பார்த்துவிட்டுப் போவார், டயட்டீஷியன் எப்போதாவது வருவார், நாலு மணி நேரமும் பக்கத்தில் இருப்பது டெக்னீஷியனும் சிஸ்டரும்தான். அதனால் டாக்டரிடம் "எல்லாம் நல்லாயிருக்கு சார்" என்று சொன்ன அதே ஆள், டெக்னீஷியனிடம் "நேத்து கல்யாண வீட்டுல நல்லா சாப்பிட்டேன் பாப்பா, வெயிலுக்கு ரெண்டு இளநீர் வேற" என்று உண்மையைச் சொல்வார். இளநீரில் பொட்டாசியம் அதிகம், சிறுநீரகம் செயலிழந்தவருக்கு அது இதயத் துடிப்பையே குலைத்துவிடலாம். இதைக் கேட்ட பொண்ணு சிரித்துவிட்டு ஊசியைப் போட்டால் அது மெஷின் ஓட்டுகிற வேலை. டாக்டரிடமும் டயட்டீஷியனிடமும் கொண்டுபோய்ச் சொன்னால்தான் அவள் படித்த படிப்புக்கு அர்த்தம்.

இன்னொன்றையும் பாருங்கள். டயாலிசிஸுக்காகக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து ஃபிஸ்டுலா போட்டிருப்பார்கள், அதன்மேல் விரல் வைத்தால் ஒரு அதிர்வு தெரியும், த்ரில் என்பார்கள். ஒவ்வொரு முறை ஊசி போடுவதற்கு முன்பும் அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒருநாள் அந்த அதிர்வு இல்லையென்றால் உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம், உடனே சொன்னால் சில சமயம் காப்பாற்றிவிட முடியும், தாமதித்தால் அந்த ஃபிஸ்டுலாவே போய்விடும். அப்புறம் கழுத்தில் குழாய், அதில் தொற்று வரும் பயம், புது ஃபிஸ்டுலா போட்டால் அது பக்குவமாக இன்னும் பல வாரம். இதேபோல, "நாளைக்குப் பல் பிடுங்கப் போறேன்" என்று நோயாளி சாதாரணமாகச் சொல்வதைக் கேட்டு, அன்றைக்கு ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுக்கும் ஹெப்பாரினை என்ன செய்வது என்று டாக்டரைக் கேட்க வேண்டியவளும் அவள்தான். கையில் திறமை இருந்தும் "பெரிய டாக்டர், எப்படிப் போய்ச் சொல்றது" என்று தயங்கி நின்றால் நஷ்டம் நோயாளிக்கு.

இந்தத் தயக்கம் உங்கள் பொண்ணுக்கு மட்டும் இருப்பதில்லை, நன்றாக வாயடிக்கிற பையன்களுக்கும் சீனியர் டாக்டர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். அதனால் இதைச் சுபாவம் என்று நினைக்காதீர்கள், பயிற்சியால் வருவது இது. ஃபோனில் டாக்டரைக் கூப்பிடும்போது எந்த வரிசையில் பேசுவது என்பதற்கே எஸ்பார் (SBAR) என்று ஒரு முறை இருக்கிறது. அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்த வழக்கத்தை எடுத்து ஆஸ்பத்திரிக்கு மாற்றியது. இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, எனக்கு என்ன தோன்றுகிறது, நீங்கள் என்ன செய்ய வேண்டும், இந்த நாலும்தான். "சார், டயாலிசிஸ்லேர்ந்து பேசுறேன், மூணாவது பெட் நோயாளிக்கு பிபி தொண்ணூறு-அறுபதுக்கு இறங்கிடுச்சு, வரும்போது நூத்தைம்பது இருந்தது, ரெண்டு மணி நேரத்துல ஒன்றரை லிட்டர் எடுத்திருக்கோம், தண்ணி வேகமா எடுத்துட்டோம்னு தோணுது, எடுக்கிறதை நிறுத்திட்டு காலைத் தூக்கி வெச்சிருக்கோம், நீங்க வந்து பார்க்கணும்." அரை நிமிடம் போதும். இப்படிப் பேசுகிறவளை எந்த டாக்டரும் 'சின்னப் பொண்ணு' என்று ஒதுக்க மாட்டார். வீட்டில் நீங்கள் டாக்டராக நடித்து இதைச் சொல்லிப் பார்க்கச் சொல்லுங்கள், முதலில் சிரிப்பாள், பரவாயில்லை.

இதெல்லாம் உண்மையில் பலன் தருகிறதா என்று நீங்கள் கேட்கலாம். உலக சுகாதார அமைப்பின் அறுவை சிகிச்சைப் பாதுகாப்புச் சரிபார்ப்புப் பட்டியலைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். டெல்லி உட்பட எட்டு நகரங்களின் ஆஸ்பத்திரிகளில் அதைப் பயன்படுத்திப் பார்த்த ஆய்வு 2009-ல் வெளிவந்தது, இறப்பு விகிதம் 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகக் குறைந்திருந்தது. அந்தப் பட்டியலில் பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் கிடையாது, கத்தி வைப்பதற்கு முன் தியேட்டரில் இருக்கும் ஒவ்வொருவரும், டெக்னீஷியன் உட்பட, தன் பெயரையும் பொறுப்பையும் சொல்ல வேண்டும் என்பதும் அதில் ஒரு வரி. பெயரைச் சொல்லி ஒருமுறை வாயைத் திறந்தவர், பிறகு ஏதாவது தப்பாகத் தெரிந்தால் சொல்லத் தயங்குவது குறையும்.

சரி, கல்லூரியில் இதைச் சொல்லித்தருகிறார்களா? பெரும்பாலும் இல்லை, அல்லது சொல்லித்தருவதாகக் கணக்குக் காட்டுகிறார்கள். நர்சிங், பிசியோ, லேப், டயாலிசிஸ் பிள்ளைகள் எல்லோரையும் ஒரே ஹாலில் உட்காரவைத்து ஆங்கிலமும் கம்ப்யூட்டரும் நடத்திவிட்டு, 'சேர்ந்து கற்கிறார்கள்' என்று சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. அது பெஞ்ச் மிச்சம் பண்ணுகிற வேலை. சுவீடனில் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் 1986-லேயே மருத்துவ மாணவர்களையும் மற்ற துறை மாணவர்களையும் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கி, பத்து வருடத்தில் அந்த மாணவர்களே ஆசிரியர்களின் மேற்பார்வையில் சேர்ந்து கவனித்துக்கொள்ளும் ஒரு வார்டையும் உருவாக்கிவிட்டது. அந்த அளவுக்கு நாம் எதிர்பார்க்க வேண்டாம். ஒரே நோயாளியை வைத்து நர்சிங் மாணவி, டயட் மாணவி, டயாலிசிஸ் மாணவி மூவரும் பேசி ஒரு திட்டம் போட்டு, டாக்டர் முன்னால் சொல்கிற மாதிரி மாதத்துக்கு ஒரு வகுப்பு இருந்தாலே நல்ல கல்லூரி என்பேன்.

கூச்ச சுபாவம் என்பதற்காக உடனே ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் சேர்த்துவிடாதீர்கள், நோயாளி தமிழில்தான் பேசப்போகிறார். குறைவாகப் பேசுகிற பிள்ளைகள் நன்றாகக் காது கொடுத்துக் கேட்பார்கள், ஷிஃப்ட் மாறும்போது விஷயத்தை விடாமல் ஒப்படைப்பதும் பெரும்பாலும் அவர்கள்தான். எனக்குக் கவலை வேறு இரண்டு பழக்கங்களைப் பற்றி. அளக்காத பிபி-யை அளந்த மாதிரி சார்ட்டில் எழுதுவது ஒன்று, சீனியர் செய்கிறார் என்று முதல் மாதத்திலேயே தொற்றிக்கொள்ளும். பின்னால் நோயாளி படுத்திருக்க யூனிஃபார்மில் செல்ஃபி எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸ் போடுவது இன்னொன்று. இந்த இரண்டும் கூடாது என்று சேரும்போதே சொல்லிவிடுங்கள், கல்லூரி சொல்லும் என்று காத்திருக்க வேண்டாம்.

சேர்ப்பதற்கு முன் எம்ஜிஆர் மருத்துவப் பல்கலைக்கழகத்தின் இணைப்பு இந்தப் படிப்புக்கே இருக்கிறதா என்று பாருங்கள், கல்லூரிக்கு இருந்தால் மட்டும் போதாது. சொந்த ஆஸ்பத்திரி இருக்கிறதா, எத்தனை மெஷின் ஓடுகிறது, இன்டர்ன்ஷிப்பில் எங்கே அனுப்புகிறார்கள், அங்கே மாணவர்களை டாக்டர் ரவுண்ட்ஸில் நிற்க விடுகிறார்களா அல்லது மெஷின் கழுவ மட்டும்தானா, நோயாளியிடமும் டாக்டரிடமும் பேசுவதற்குத் தேர்வில் மதிப்பெண் உண்டா என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்கு விழிக்கிறார்கள் என்றால் அடுத்த கல்லூரியையும் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். போகும்போது பொண்ணையும் கூட்டிக்கொண்டு போய், முடிந்தால் அங்கே இரண்டாம் வருடம் படிக்கிற பிள்ளைகளிடம் அவளைத் தனியாகப் பேச விடுங்கள். நீங்கள் அந்த நேரத்தில் கேன்டீனில் இருங்கள் சார், பக்கத்தில் நின்றால் அவள் பேசமாட்டாள்.