கொறங்காட்டை நம்பி மாடு வளர்க்க நினைக்கும் மகன்: ஒரு தாயாருக்குப் பதில்

மூலனூர்ப் பக்கத்திலிருந்து ஒரு தாயார் கேட்டிருக்கிறார். மகன் பிளஸ் டூ, உயிரியல் பிரிவு. வீட்டில் எட்டு ஏக்கர் கொறங்காடு, அதாவது வேலி போட்ட மானாவாரி மேய்ச்சல் காடு; நான்கு காங்கேயம் பசுக்கள். வெளிநாட்டு இறைச்சி மாட்டுப் பண்ணைகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, "காலேஜ் வேண்டாம், நம்ம காட்டுலயே நாப்பது மாடு நிறுத்தறேன்" என்கிறானாம். அப்பா இன்ஜினியரிங்கில் சேர்த்தே தீருவேன் என்று நிற்கிறார். "நடுவில் நான் யார் பக்கம் பேசுவது?" என்பது அந்தத் தாயாரின் கேள்வி.

அம்மா, தம்பியின் ஆசையில் தப்பு எதுவும் இல்லை. அவனைத் தடுக்காதீர்கள். பிடிக்காத இன்ஜினியரிங்கில் தள்ளவும் வேண்டாம். ஆனால் படிப்பை விட்டுவிட்டு இப்போதே இறங்குவதில் அவனுக்கு எந்த லாபமும் இல்லை. அதற்கான காரணம் மாட்டின் வயதிலேயே இருக்கிறது. காங்கேயம் கிடாரி பருவத்துக்கு வந்து, சினை பிடித்து, தலையீற்று ஈனுவதற்குக் கிட்டத்தட்ட மூன்றரை முதல் நான்கு வருடம் ஆகும். சினைக்காலம் மட்டுமே ஒன்பது மாதத்துக்கு மேல். இந்த ஆனியில் உங்கள் கட்டுத்தரையில் ஒரு கிடாரிக்கன்று பிறந்தால், அது கன்று போடும்போது தம்பி ஒரு டிகிரியை முடித்திருக்கலாம். அவன் வீட்டில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கிடாரி தன் வேகத்தில்தான் வளரும். காத்திருக்க வேண்டிய அந்தக் காலத்தைப் படிப்புக்குக் கொடுத்துவிடலாம் என்பதுதான் நான் அவனிடம் நேரில் சொல்ல விரும்புவது.

அடுத்து, அந்த வீடியோக்கள். அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரேசில் பண்ணைகளில் மாடு வளர்ப்பது இறைச்சிக்காகவே. ஆறு ஏழு மாதத்தில் கன்றைத் தாயிடமிருந்து பிரித்து, மேய்ச்சலிலோ தீவனத்திலோ எடை ஏற்றி, பெரும்பாலும் இரண்டு மூன்று வயதுக்குள் விற்றுவிடுவார்கள். கையில் பணம் சீக்கிரம் வரும். இந்தக் கணக்கை அப்படியே தாராபுரம் தாலூகாவுக்குக் கொண்டுவர முடியாது. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டு கால்நடைப் பாதுகாப்புச் சட்டம் நடைமுறையில் இருக்கிறது. மாடு பத்து வயதைத் தாண்டியிருக்க வேண்டும், வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் உதவாது என்று சான்று வேண்டும்; இல்லையென்றால் தீராத நோயாலோ காயத்தாலோ நிரந்தரமாக முடங்கியிருக்க வேண்டும். அப்போதுதான் அறுக்க அனுமதி கிடைக்கும். இரண்டு வயதுக் காளையை எடை பார்த்து அறுப்புக்கு விற்பது இங்கே சட்டப்படி செய்யக்கூடிய தொழில் இல்லை. இந்தியா பெரிய அளவில் மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்கிறதே என்று தம்பி கேட்பான். அது எருமை இறைச்சி. பசு, காளை இறைச்சியை ஏற்றுமதி செய்யத் தடை இருக்கிறது.

ஆனால் அதே வீடியோக்களில் அவன் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அமெரிக்காவின் பிராமன் மாடு நம் நாட்டு கிர், காங்க்ரேஜ், ஓங்கோல் போன்ற இனங்களின் கலப்பிலிருந்து உருவானது. பிரேசிலின் நெலோர் நம் ஓங்கோலின் வழி வந்தது. வெயிலையும் உண்ணியையும் தாங்கும் திமில் மாட்டை இங்கிருந்து கொண்டுபோய், தலைமுறை தலைமுறையாகப் பதிவேடு வைத்துப் பொறுக்கி எடுத்துத்தான் அவர்கள் அந்த இடத்துக்கு வந்தார்கள். தம்பி கற்க வேண்டியது அந்தப் பொறுக்கலைத்தான். கொங்கு நாட்டுக்கும் இது புதிதல்ல. இன்று நாம் பார்க்கும் காங்கேயம் மாட்டுக்குப் பழையகோட்டைப் பட்டக்காரர் குடும்பத்தின் நீண்ட காலத் தேர்வு முக்கியமான காரணம்.

சரி, இங்கே வருமானம் எங்கிருந்து வரும்? பாலை நம்பாதீர்கள். காங்கேயம் உழவுக்கும் வண்டிக்கும் பேர் போன இனம். கன்று குடித்தது போகக் கிடைக்கும் பால் கொஞ்சம்தான். நாட்டு மாட்டுப் பால், நெய் என்று நல்ல விலைக்கு விற்பவர்கள் இருக்கிறார்கள். நகரத்தில் வாடிக்கை பிடித்து நேரில் கொண்டுபோய்க் கொடுக்க ஆள் இருந்தால் மட்டுமே அது நடக்கும். இந்த இனத்தில் பணம் தருவது கன்றும் கிடாரியும், பசுவுக்குச் சேர்க்கும் நல்ல பூச்சிக்காளையும்தான். ரேக்ளா வண்டிப் பந்தயத்துக்கு, ஜல்லிக்கட்டுக்கு, இனவிருத்திக்கு என்று தேடி வருகிறவர்கள் உண்டு. ஜல்லிக்கட்டை அனுமதிக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தை உச்ச நீதிமன்றம் 2023இல் ஏற்றுக்கொண்ட பிறகு அந்தச் சந்தைக்கு இருந்த பயமும் குறைந்திருக்கிறது. ஆனாலும் ஒரு பந்தயக் காளையின் விலையை வைத்து முழுப் பண்ணைக்கும் கணக்குப் போட வேண்டாம்.

வருடா வருடம் கைக்குப் பணம் வர வேண்டுமென்றால் ஆடு வேண்டும். மேச்சேரி ஆடு இறைச்சிக்கும் தோலுக்கும் பேர் பெற்றது, நம் வறட்சிக்குப் பழகியது, ஐந்து மாதச் சினை. இறைச்சித் தொழில்தான் தம்பிக்குப் பிடித்திருக்கிறது என்றால் அதற்கு நேரான வழி இதுதான். பொட்டனேரியில் மேச்சேரி ஆட்டு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. தேசியக் கால்நடை இயக்கத்தில் ஆட்டுப் பண்ணைக்கு 50 சதவீதம் வரை மூலதன மானியம் உண்டு. வங்கிக் கடனும் திட்ட அறிக்கையும் கேட்பார்கள். படித்தவன் என்றால் அந்த அறிக்கையைத் தானே எழுதிவிடுவான்.

இன்னொரு விஷயத்தை வீட்டில் மனம்விட்டுப் பேசிவிடுங்கள். கன்று போடுவதை நிறுத்திவிட்ட பசு, வாங்க ஆளில்லாத காளைக்கன்று, இவை எங்கே போகும்? பொள்ளாச்சிச் சந்தைக்குக் கேரள வியாபாரிகள் வருவதும் எதற்கு வாங்குகிறார்கள் என்பதும் எல்லோருக்கும் தெரியும். விற்றுவிட்டு, அப்புறம் அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது பல வீடுகளில் நடக்கிறது. மாட்டையே தொழிலாக எடுப்பவனால் அப்படி இருக்க முடியாது. சட்டத்துக்கு உட்பட்டு விற்பதா, கடைசிவரை வைத்துப் பார்ப்பதா என்பதை நீங்கள் மூவரும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள். எது முடிவானாலும் அதற்கான செலவைக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். வயதான மாட்டுக்கும் சோளத்தட்டு வேண்டும்.

எட்டு ஏக்கரில் நாற்பது மாடு நிற்காது, இதையும் நேராகச் சொல்லிவிடுகிறேன். கிளுவை வேலி போட்டு, கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேல மரமுமாக இருக்கும் கொறங்காடு நம் முன்னோர் விட்டுப்போன அருமையான ஏற்பாடு. மழை பெய்ததும் புல் எழுகிறது, கோடையில் வெள்வேலங்காய் உதிர்ந்து பண்டங்கன்றுகளுக்குத் தீனியாகிறது. ஆனால் தாங்குகிற அளவுக்கு மேல் மாட்டை விட்டால் புல் தூரோடு போய்விடும், பழையபடி வர வருடக்கணக்கில் ஆகும். ஐப்பசி மழை பொய்த்துவிட்டால் தட்டும் கடலைக்கொடியும் காசுக்கு வாங்க வேண்டும். காட்டை இரண்டு மூன்றாகத் தடுத்து மாற்றி மாற்றி மேய்ப்பது, மழைக்கு முன்னால் கொழுக்கட்டை விதை தூவுவது, இந்த வேலைகளை விடுமுறை நாட்களிலேயே அவன் ஆரம்பிக்கலாம். அந்தக் காட்டைக் குத்தகைக்கு விட்டால் வருடத்துக்கு என்ன வருமோ, அதையும் செலவுப் பக்கத்தில் எழுதச் சொல்லுங்கள். அதற்கு மேல் எதுவும் மிஞ்சவில்லையென்றால் மாட்டால் வருமானம் இல்லை என்றுதான் அர்த்தம்.

இப்போது படிப்புக்கு வருகிறேன். உயிரியல் பிரிவு எடுத்தது நல்லதாகப் போயிற்று. முதல் தேர்வு கால்நடை மருத்துவப் பட்டம். பயிற்சிக் காலத்தோடு சேர்த்து ஐந்தரை வருடம். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை போடுகிறது. அகில இந்திய ஒதுக்கீடான 15 சதவீத இடங்களுக்குத்தான் நீட் தேவை. அரசுப் பள்ளியில் படித்திருந்தால் 7.5 சதவீத உள்ஒதுக்கீடும் உண்டு. நாமக்கல்லில் 1985 முதல் கல்லூரி நடக்கிறது; உடுமலைப்பேட்டையில் வந்திருப்பது உங்களுக்கு இன்னும் பக்கம். போட்டி கடுமையானது, கட் ஆஃப் உயரம். அதை மட்டும் நம்பி ஒரே விண்ணப்பத்தோடு நின்றுவிடாதீர்கள். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் நான்கு வருட வேளாண்மைப் பட்டத்துக்கும் போடட்டும்; புல், மண், தீவனம், பண்ணைப் பொருளாதாரம் எல்லாம் அதில் வரும். கால்நடைப் பல்கலைக்கழகத்திலேயே உணவு, பால், கோழி சார்ந்த பி.டெக் படிப்புகள் இருக்கின்றன. எதிலும் இடம் கிடைக்காவிட்டால் பக்கத்துக் கலைக் கல்லூரியில் விலங்கியலோ வணிகவியலோ படிக்கலாம், தவறில்லை. இறைச்சித் தொழில்நுட்பத்தில் இந்திரா காந்தி திறந்தநிலைப் பல்கலைக்கழகம் பட்டயப் படிப்பு நடத்துகிறது, அதைக் கூடவே முடிக்கலாம்.

உங்கள் வீட்டுக்காரர் வேலை உத்தரவாதத்தைக் கேட்கிறார். நியாயம்தான். கால்நடை மருத்துவம் முடித்தவன் டிஎன்பிஎஸ்சி எழுதி உதவி மருத்துவராகலாம், தீவன நிறுவனத்துக்கோ கோழிப்பண்ணைக்கோ போகலாம், வங்கி வேளாண் அதிகாரி தேர்வு எழுதலாம். மாடு கைவிட்டாலும் படிப்பு சோறு போடும். அவரிடம் இதை இப்படியே சொல்லுங்கள்.

படிக்கும் காலத்திலும் தம்பி மாட்டை விட வேண்டியதில்லை. ஒரு நீள நோட்டு வாங்கிக் கொடுங்கள். பசுவுக்கு ஒரு பக்கம். காதுத் தோட்டில் இருக்கும் பன்னிரண்டு இலக்க எண், நிறம் மயிலையா செவலையா காரியா, எந்தக் காளைக்குச் சேர்த்தது, எந்தத் தேதி, ஈன்ற தேதி, கன்று எழுந்து நிற்க எவ்வளவு நேரம் ஆனது, சீம்பால் எப்போது குடித்தது, கோமாரித் தடுப்பூசி போட்ட நாள். ஒரு ஈற்றுக்கும் அடுத்த ஈற்றுக்கும் இடையில் எத்தனை மாதம் என்று தனியாக ஒரு கட்டம். வருடத்துக்கு ஒரு கன்று போடும் பசுவும் இரண்டு வருடம் இழுக்கும் பசுவும் பார்வைக்கு ஒரே மாதிரி இருக்கலாம். நோட்டில்தான் வித்தியாசம் தெரியும். அப்புறம், ஒரே காளையை அதன் மகள்கள் பருவத்துக்கு வந்த பிறகும் வைத்திருக்கக் கூடாது. மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நல்ல காளை வைத்திருக்கிற வீட்டோடு மாற்றிக்கொள்ளவும் செய்யலாம்.

சித்திரையில் கண்ணபுரம் சந்தை கூடும்போது அப்பாவோடு அனுப்புங்கள், வாங்குவதற்கு இல்லை. துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசுவதை ஓரமாக நின்று பார்க்கட்டும். பால் பல் கன்று, இரண்டு பல், நாலு பல், கடை சேர்ந்தது என்று வாயைத் திறந்து பார்த்து வயதைச் சொல்லப் பழகட்டும். சுழி சரியில்லை என்று நல்ல கிடாரியை ஆயிரக்கணக்கில் குறைத்துக் கேட்பார்கள். பின்னாளில் இனம் பெருக்க வாங்கும்போது அந்த மாதிரிக் கிடாரியைத்தான் அவன் குறைந்த விலைக்குப் பிடிக்க வேண்டும்.

மாடு மேய்க்கிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். நம் ஊரில் இந்தக் கவலை பொய்யில்லை. பெண் வீட்டார் பார்ப்பது மாதம் ஒரு நிச்சய வருமானம் இருக்கிறதா, பையன் பேரில் ஏதாவது இருக்கிறதா என்பதைத்தான். அதனால் பண்ணைக்குத் தனி வங்கிக் கணக்கு தொடங்கி, படிப்பு முடிந்ததும் அவனுக்கு அதிலிருந்து மாதச் சம்பளம் போடுங்கள். அப்பா கையால் செலவுக்கு வாங்கும் பிள்ளையாக வைக்காதீர்கள். மகள் இருந்தால் அவளுக்கும் காட்டில் சட்டப்படி சம பங்கு உண்டு. தம்பி அந்த எட்டு ஏக்கரை நம்பி முதல் போடுவதற்கு முன்னால் அதைப் பேசி எழுத்தில் வைத்துவிடுங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது இரண்டுதான். சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, மதிப்பெண் பட்டியலை எடுத்து வையுங்கள். ரிசல்ட் வந்ததும் விண்ணப்பம் திறந்துவிடும். நான்கு பசுக்களும் கடைசியாக ஈன்ற தேதிகளை உங்களிடமும் அப்பாவிடமும் கேட்டு நோட்டின் முதல் பக்கத்தில் தம்பியை எழுதச் சொல்லுங்கள். அதை எடுத்துக்கொண்டு மூவருமாக வாங்க, கணக்கைச் சேர்ந்து போடுவோம்.