கல்யாண ஆல்பம் இருக்கிறது, அதற்குப் பிறகு?

தம்பி,

இதே நிலையில் இருக்கும் வேறு சிலருக்கும் பயன்படும் என்பதால் உங்கள் கேள்வியை முதலில் சுருக்கி எழுதிவிடுகிறேன். ஆஸ்திரேலியாவில் உங்களுக்கு நிரந்தர வசிப்புரிமை கிடைத்து ஓராண்டு ஆகிறது. வைகாசிக் கடைசியில் திருவந்திபுரத்தில் திருமணம். பெண் பார்த்ததிலிருந்து தாலி கட்டியது வரை இரண்டே மாதம். மூன்று வார விடுப்பு முடிந்து நீங்கள் மெல்போர்ன் திரும்பிவிட்டீர்கள். மனைவி மஞ்சக்குப்பத்தில் உங்கள் பெற்றோருடன் இருக்கிறார். அவருக்கு 309 விசா, அதாவது வெளிநாட்டில் இருக்கும் கணவன் அல்லது மனைவிக்கு ஆஸ்திரேலியா முதலில் தரும் தற்காலிக விசா, எடுக்க வேண்டும். "சேர்ந்த வங்கிக் கணக்கு இல்லை, இருவர் பெயரிலும் வாடகை ஒப்பந்தம் இல்லை, காதலித்த காலம் என்று ஒன்றும் இல்லை. உண்மையான உறவு என்று எதை வைத்துக் காட்டுவது? 400 கல்யாணப் படங்கள் இருக்கின்றன, போதுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

போதாது. அந்த 400 படங்களில் பத்துப் பதினைந்தை வைத்துக்கொண்டு மீதியை ஆல்பத்திலேயே விட்டுவிடுங்கள். திருமணம் நடந்தது என்பதைக் காட்ட ஒரு சான்றிதழ் போதும். விசா அதிகாரி தேடுவது வைகாசிக்குப் பிறகு வந்த ஆனியையும் ஆடியையும் ஆவணியையும். அந்த மாதங்களில் நீங்கள் இருவரும் கணவன் மனைவியாக என்ன செய்தீர்கள் என்பதுதான் அவருடைய கேள்வி.

ஆனால் அந்தச் சான்றிதழே உங்களிடம் இல்லை. "பதிவு இன்னும் செய்யவில்லை" என்று கடிதத்தின் ஓரத்தில் எழுதியிருக்கிறீர்கள். தமிழ்நாடு திருமணங்கள் பதிவுச் சட்டம் 2009இன்படி 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். தவறினால் கூடுதல் கட்டணத்துடன் இன்னும் 60 நாள் தருவார்கள். அதையும் தாண்டினால் வீண் அலைச்சல். இருவரும் நேரில் போக வேண்டியிருக்கும். தலை தீபாவளிக்கு ஊருக்குப் போவதா வேண்டாமா என்று யோசிப்பதாகச் சொல்கிறீர்கள். யோசிக்க என்ன இருக்கிறது? 150ஆவது நாள் எது என்று எண்ணிப் பார்த்து அதற்கு முன் டிக்கெட் எடுங்கள். பதிவும் முடியும், மாமியார் வீட்டுத் தலை தீபாவளியும் நடக்கும், கடவுச்சீட்டில் விழும் முத்திரை ஓர் ஆதாரமாகவும் இருக்கும்.

இனி சட்டம். ஆஸ்திரேலியாவின் 1994ஆம் ஆண்டுக் குடிபெயர்வு விதிகளில் 1.15ஏ என்று ஒன்று இருக்கிறது. கணவன் மனைவி உறவை எடைபோடும்போது பணம், குடித்தனம், ஊரும் உறவும் உங்களைத் தம்பதியாக ஏற்றிருப்பது, ஒருவர்மீது ஒருவருக்கு உள்ள பற்றுறுதி ஆகிய நான்கையும் பார்க்கச் சொல்கிறது. ஒன்று மெலிந்திருந்தால் ஏன் மெலிந்தது என்று காரணம் எழுத வேண்டும், அவ்வளவுதான். இப்போது ஒரே கூரையின் கீழ் இருந்தாக வேண்டும் என்றும் இல்லை. நிரந்தரமாகப் பிரிந்து வாழக் கூடாது என்பதுதான் நிபந்தனை. 12 மாதம் சேர்ந்து வாழ்ந்திருக்க வேண்டும் என்று உங்கள் அறைத்தோழர் பயமுறுத்தினாரே, அது திருமணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழ்பவர்களுக்கான விதி. உங்களுக்கு அது பொருந்தாது.

காதலித்த காலம் இல்லையே என்ற கவலையை விடுங்கள். பெற்றோர் பார்த்துச் செய்த திருமணம் விசா அலுவலகத்துக்குப் புதிதல்ல. இதில் நம் பிள்ளைகள் செய்யும் வேடிக்கை என்னவென்றால், ஜாதகம் பார்த்து நடந்த கல்யாணத்தைக் காதல் கதையாக மாற்றி எழுதுவார்கள். "முதல் பார்வையிலேயே என் உயிர்த்துணையை உணர்ந்தேன்" என்று ஒரு பையன் எழுதியதை நானே படித்திருக்கிறேன். அந்த முதல் பார்வையின்போது அவனோடு பெரியப்பா, சித்தப்பா, தரகர் எல்லாருமாக ஒரு வேன் நிறைய ஆட்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். ஜாதகத்தைக் கொண்டுவந்தவர் யார், பெண் பார்க்கப் பண்ருட்டிக்கு யார் யார் போனீர்கள், அன்று இருவரும் தனியாகப் பேச நேரம் கொடுத்தார்களா, என்ன பேசினீர்கள், யார் முதலில் சம்மதம் சொன்னார்கள், நிச்சயத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடையில் தொலைபேசியில் எப்படிப் பழகினீர்கள் என்பதெல்லாம் அதில் வர வேண்டும்.

திருவந்திபுரக் கல்யாணத்தைப் பற்றியும் சில வரிகள் வேண்டும். தேவநாத சுவாமி கோயிலில் முகூர்த்த நாள் காலையில் எத்தனை தாலி ஏறும் என்பது கடலூர்க்காரர்களுக்குத் தெரியும். உங்கள் படத்திலேயே பின்னால் மாலையும் கழுத்துமாக வேறு இரண்டு ஜோடிகள் நிற்பார்கள். எந்தக் கூட்டம் யாருடையது என்றே தெரியாது. வேறு நாட்டு மேசையில் அதைப் பார்ப்பவருக்கு, யாருக்கும் சொல்லாமல் அவசரமாக நடந்த கல்யாணம் போலத் தோன்றலாம். அது பெரிய வைணவத் தலம் என்பதையும், முகூர்த்த நாளில் அங்கே பல திருமணங்கள் நடப்பது வழக்கம் என்பதையும் எழுதுங்கள். கோயில் ரசீது, அழைப்பிதழ், மாலையில் மண்டபத்தில் வைத்த வரவேற்பின் ரசீது ஆகியவற்றைச் சேருங்கள். எடுத்து வைத்த படங்களின் கீழ் யார் யார் நிற்கிறார்கள் என்று பெயரும் உறவும் எழுதுங்கள். பெயர் எழுதாத நூறு படங்களைவிடப் பெயர் எழுதிய பத்துப் படங்கள் அதிகம் பேசும்.

மொய் நோட்டு பத்திரமாக இருக்கிறதா? ஊர், பெயர், தொகை என்று நெல்லிக்குப்பம் மாமாவிலிருந்து நெய்வேலி அத்தை வரை வரிசையாக எழுதியிருப்பார்களே, அதைவிட நேர்மையான சமூக ஆதாரம் நம்மிடம் வேறு எது? இரண்டு மூன்று பக்கங்களை நகலெடுத்து மொழிபெயர்த்து, அந்த நோட்டு எதற்கு என்று ஒரு வரி விளக்கமும் வையுங்கள். தமிழில் இருக்கும் எந்த ஆவணத்துக்கும் ஆங்கில மொழிபெயர்ப்பு கட்டாயம். கடலூரிலேயே மொழிபெயர்க்கலாம். செய்தவரின் முழுப்பெயர், முகவரி, தொலைபேசி எண், தகுதி, அனுபவம் ஆகியவை அதில் இருக்க வேண்டும்.

பணத்துக்கு வருகிறேன். மாதாமாதம் வீட்டுக்குப் பணம் அனுப்புவதாகவும் அப்பா அதில் மனைவிக்குச் செலவுக்குக் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். நல்ல பிள்ளைதான். ஆனால் வங்கி அறிக்கையில் தெரிவது அப்பாவுக்கு மகன் அனுப்பிய பணம் மட்டுமே. மனைவி என்று ஒருவர் அந்தத் தாளில் எங்கும் இல்லை. இந்த மாதத்திலிருந்து ஒரு பகுதியை அவர் கணக்குக்கே அனுப்புங்கள். விசாவுக்காக மட்டும் சொல்லவில்லை. செலவுக்கு மாமனாரிடம் கை நீட்டுவது எந்த மருமகளுக்கும் சுகமாக இருக்காது. வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர்கள் இந்திய வங்கியில் வைத்திருக்கும் என்ஆர்இ கணக்கு உங்களுக்கு இருந்தால், அதில் அவரை இரண்டாம் பெயராகச் சேர்க்க முடியுமா என்று வங்கியில் கேளுங்கள். இந்தியாவில் இருக்கும் நெருங்கிய உறவினரைச் சேர்க்க அனுமதி உண்டு. நீங்கள் உயிரோடு இருக்கும்வரை கணக்கு உங்களுடையது, பிறகு அவருக்கு என்ற ஏற்பாட்டில்தான் சேர்ப்பார்கள். ஆஸ்திரேலியாவில் உங்கள் சூப்பர் ஓய்வூதிய நிதியில் இன்னும் அம்மாதான் நாமினி என்றால் மாற்றுங்கள். எல்ஐசி பாலிசி இருந்தால் அதையும் பாருங்கள். நீண்ட நாள் எண்ணத்தைக் காட்ட இதைவிட எளிய வழி கிடையாது.

வாடகை ஒப்பந்தம் இல்லாவிட்டால் என்ன, குடும்ப அட்டை இருக்கிறதே. பிறந்த வீட்டு அட்டையிலிருந்து பெயரை நீக்கிப் புகுந்த வீட்டு அட்டையில் சேர்ப்பதை நாம் ரேஷன் வேலை என்று நினைக்கிறோம். அவர் உங்கள் குடித்தனத்தின் ஆள் என்பதற்கு அது அரசு தரும் தாள். ஆதாரிலும் முகவரியை மாற்றச் சொல்லுங்கள். ஆடிக்கு அவரைப் பண்ருட்டிக்கு அழைத்துப் போனார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த மாதம் அவர் வேறு முகவரியில் இருந்ததை மறைக்காதீர்கள். புதுப்பெண்ணை ஆடியில் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவது வழக்கம் என்று ஒரு வரி எழுதினால் முடிந்தது. எழுதாமல் விட்டால்தான் கல்யாணம் ஆன சில வாரத்திலேயே பெண் வீட்டைவிட்டுப் போய்விட்டாள் என்று படிப்பார்கள்.

அடுத்தது படிவம் 888, உங்கள் உறவு உண்மையானது என்று தெரிந்தவர்கள் எழுதித் தரும் சாட்சிப் படிவம். உங்கள் இருவரையும் உங்கள் உறவையும் அறிந்த இரண்டு பேராவது எழுத வேண்டும். ஆஸ்திரேலியக் குடிமக்களோ நிரந்தர வசிப்புரிமை உள்ளவர்களோ எழுதலாம். என்னிடம் எழுதித் தர முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியாது, தம்பி. உங்கள் மனைவியை எனக்குத் தெரியாது. தெரியாமல் எழுதினால் அந்தத் தாள் உங்களுக்கு உதவுவதற்குப் பதில் கெடுக்கும். திருமணத்துக்கு வந்த நண்பர் ஒருவர் இருக்கிறார் என்றீர்கள், அவர் முதல் ஆள். காணொளி அழைப்பில் உங்கள் மனைவியோடு பழகியிருக்கும் அறைத்தோழர் தாம் கண்டதை மட்டும் எழுதட்டும்: இரவு வேலை முடிந்து வந்ததும் நீங்கள் யாரிடம் பேசுகிறீர்கள், அவருக்கு உடம்பு சரியில்லாத நாளில் நீங்கள் எப்படி இருந்தீர்கள் என்பது போல. "இவர்கள் மிகவும் அன்பான தம்பதி" என்ற ஒரு வரியால் யாருக்கும் பயனில்லை. கடலூரில் இருக்கும் உறவினர்கள் 888 எழுத முடியாவிட்டாலும் நோட்டரி முன் உறுதிமொழிப் பத்திரம் தரலாம்.

குறுஞ்செய்திகளைப் பார்த்து நீங்கள் வெட்கப்படுவது எனக்குச் சிரிப்பாக இருக்கிறது. "சாப்பிட்டாச்சா", "தூங்கலையா", "அம்மாவுக்கு சுகர் பார்த்தாச்சு" இவ்வளவுதான் இருக்கிறது என்கிறீர்கள். இதைவிட வேறு என்ன வேண்டும்? எனக்குத் தெரிந்த ஒரு பெண் கடலூரில் மாமியாரோடு இருந்தாள். 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்து, தென்பெண்ணை பெருக்கெடுத்த நாட்களில் அவளும் கணவனும் அனுப்பிக்கொண்ட செய்திகள் அவர்களுடைய விசாக் கோப்பில் இருந்தன. மின்சாரம் இல்லை, போனில் சார்ஜ் குறைகிறது, அத்தையை மாடிக்குக் கூட்டிப்போய்விட்டேன், மாத்திரை டப்பாவை எடுத்துக்கொண்டேன் என்று அவள் எழுத, இவன் சிட்னியில் இரவெல்லாம் விழித்திருந்து பதில் போட்டிருக்கிறான். ஒரு கொஞ்சல் வார்த்தைகூட இல்லை. அந்த இரண்டு பக்கங்களைப் படித்தவர் யாரும் அவர்களைக் காகிதக் கல்யாணம் என்று சொல்லமாட்டார். நீங்களும் மாதத்துக்கு ஒன்றிரண்டு உரையாடல்களாகத் தேர்ந்தெடுத்து, தேதி தெரியும்படி வைத்து, மொழிபெயர்த்துச் சேருங்கள். அழைப்புப் பட்டியலையும் வையுங்கள். மொத்தத்தையும் கொட்ட வேண்டாம், கோப்புகளின் எண்ணிக்கைக்கும் அளவுக்கும் வரம்பு உண்டு.

எனக்குக் கோபம் வரும் இடம் ஒன்று இருக்கிறது. நீங்கள் அனுப்பிய வரைவில் மனைவியின் வாக்குமூலத்தையும் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். உங்களுடையதில் "நான்" என்று இருக்கும் இடமெல்லாம் அவருடையதில் "என் கணவர்" என்று மாறியிருக்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டையும் ஒரே ஆள் அடுத்தடுத்துப் படிக்கப்போகிறார். அவரே எழுதட்டும், தமிழில் எழுதட்டும், பிறகு மொழிபெயருங்கள். புதிய வீட்டில் எது கடினமாக இருந்தது, கணவன் இல்லாத வீட்டில் மாமியாரோடு எப்படிப் பழகினார், மெல்போர்ன் வந்தால் படிப்பாரா வேலைக்குப் போவாரா என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அதைப் படித்தால் நீங்களும் சில விஷயங்களைப் புதிதாகத் தெரிந்துகொள்வீர்கள்.

தொலைபேசியில் நேர்காணலும் வரலாம். மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று அவர் கேட்கலாம், அது குறையல்ல. உங்கள் வேலை நேரம், உடன் இருப்பவர்கள், தங்கைகளின் பெயர், கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பது போன்ற சாதாரணக் கேள்விகள்தான். தேர்வுக்குப் படிப்பதுபோல் இருவரும் மனப்பாடம் செய்ய வேண்டாம். நாள்தோறும் பேசிக்கொள்பவர்களுக்கு இவை தெரிந்திருக்கும். ஏதாவது ஒன்று தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லட்டும்.

இரண்டு பேர் பெயரையும் போட்டுப் பழைய தேதியில் வாடகை ஒப்பந்தம் தயாரித்துத் தருவதாக உங்கள் நண்பர் சொன்னாராம். அந்தப் பக்கமே போகாதீர்கள். பொய்யான ஆவணம் பிடிபட்டால் இந்த விசா மறுக்கப்படுவதோடு, 4020 என்ற பொதுநல அளவுகோலின்படி மூன்று ஆண்டுகள் பெரும்பாலான விசாக்களுக்கும் கதவு அடைபடலாம். உண்மையாக வாழும் தம்பதி ஒரு போலித் தாளால் பிரிந்து கிடப்பதைவிட முட்டாள்தனம் உண்டா?

விண்ணப்பித்த நாளோடு நிறுத்திவிடாதீர்கள். முடிவு வரும்வரை புதிய ஆதாரங்களை விண்ணப்பத்தின் இணையக் கணக்கில் ஏற்றிக்கொண்டே இருக்கலாம். விண்ணப்பித்து இரண்டு ஆண்டு ஆன பிறகு நிரந்தரமான 100 விசாவுக்காக உறவை மீண்டும் பார்ப்பார்கள். அதனால் ஓர் உறையைத் தனியாக வைத்து, பயணச் சீட்டு, பணம் அனுப்பிய தாள், தீபாவளிக்கு வாங்கிய புடவை ரசீது என்று போட்டுக்கொண்டே வாருங்கள். போலீஸ் தடையில்லாச் சான்றுக்கு உங்கள் மனைவி புதுச்சேரி பாஸ்போர்ட் சேவா கேந்திரத்துக்கு ஒருநாள் போய்வர வேண்டியிருக்கலாம். மருத்துவப் பரிசோதனை விசா அலுவலகம் குறிப்பிடும் மருத்துவரிடம்தான்.

கடைசியாக, ஏஜென்ட் வைக்க வேண்டுமா என்ற கேள்வி. அரசுக் கட்டணமே 9,000 டாலருக்கு மேல். மறுத்தால் திரும்பி வராது. மறுப்பை எதிர்த்து, 2024 அக்டோபரில் தொடங்கிய நிர்வாக மறுஆய்வுத் தீர்ப்பாயத்துக்கு நீங்கள் போகலாம், ஆனால் அதற்குத் தனிக் காசும் காத்திருப்பும் வேண்டும். உங்களுக்கு முந்தைய திருமணமோ, பழைய விசா மறுப்போ, வழக்கோ இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நீங்களே செய்யலாம். பயமாக இருந்தால் ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற முகவரையோ வழக்கறிஞரையோ பாருங்கள். முகவரின் பதிவு எண்ணை இணையப் பதிவேட்டில் சரிபார்த்த பிறகு பணம் கொடுங்கள். "நூறு சதவீதம் விசா உறுதி" என்று கடலூரிலோ புதுச்சேரியிலோ பலகை வைத்திருப்பவரிடம் அந்த எண்ணைக் கேளுங்கள். எண் சொல்லாமல் முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள்.