வாசகர் கேட்டவை: நாற்பது பேரைத் தாண்டாத பாட்காஸ்ட்

கேள்வி: நெல்லைச் சீமைத் தொழில்கள், சாமிகள், சாப்பாடு பற்றிப் பாட்காஸ்ட் நடத்துகிறேன். 22 எபிசோடு போட்டாயிற்று. கேட்பவர்கள் 40 பேரைத் தாண்டவில்லை. வாட்ஸ்அப் குரூப்களில் ஆடியோவையே அனுப்பிவிடுகிறேன். 5,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கலாமா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: ரூபாய் பையிலேயே இருக்கட்டும். முதல் கோளாறு அந்த ஆடியோ ஃபைல்தான். எம்பி3-யாகப் போனதை எத்தனை பேர் கேட்டாலும் உங்கள் கணக்கில் ஏறாது. பிடித்துப்போனவருக்கும் அடுத்ததை எங்கே தேடுவது என்று தெரியாது. பதிலாக 45 நொடித் துண்டு ஒன்றை வெட்டி, பேச்சை எழுத்தாகவும் ஓடவிட்டு ஸ்டேட்டஸில் வையுங்கள் (பலர் சத்தத்தை அணைத்துவிட்டுத்தான் பார்க்கிறார்கள்). கூடவே லிங்க்.

அடுத்து, கேட்பவர் எந்த நிமிடத்தில் கழன்றுகொள்கிறார் என்பதை ஸ்பாட்டிஃபையும் ஆப்பிளும் கோடு போட்டே காட்டும். முதல் 2 நிமிடத்திலேயே கோடு சரிந்தால் குற்றம் முன்னுரையில். இசை, வணக்கம், 'மறக்காமல் ஃபாலோ பண்ணுங்க' எல்லாம் முடிவதற்குள், பஸ்ஸில் கேட்பவர் நெல்லை வண்ணார்பேட்டையைத் தாண்டியிருப்பார். பத்தமடைப் பாய் பற்றி என்றால், கோரையைக் கத்தியால் கீறும் சத்தத்தில் தொடங்குங்கள். அதை ஏன் ஆற்றுத் தண்ணீரில் ஊறப்போடுகிறார்கள் என்ற கேள்வி 20 நொடிக்குள் விழுந்துவிட வேண்டும். வணக்கம் அப்புறம் சொல்லிக்கொள்ளலாம்.

'எபிசோடு 14: ஒரு பயணம்' என்று யாரும் தேடுவதில்லை. 'பத்தமடைப் பாய்: கோரை பாயாவது எப்படி' என்று வையுங்கள். ஊர்ப்பெயரை விவரக் குறிப்பில் ஆங்கில எழுத்திலும் போடுங்கள். தமிழ் கேட்பவர்களிலும் பலர் அப்படித்தான் தட்டுகிறார்கள்.

எல்லா எபிசோடும் எல்லாக் குரூப்புக்கும் என்பது வீண் வேலை. சுடலைமாடன் கொடை (ஊர்க் கோயில் திருவிழா) பற்றியதை முதலில் கேட்கப்போவது சென்னைக்கும் தாராவிக்கும் வளைகுடாவுக்கும் போன நம்மூர்க்காரர்கள். கொடைக்கு இரண்டு மூன்று வாரம் முன்னால், ஊருக்கு வர டிக்கெட் பார்க்கும் நேரத்தில் வெளியிடுங்கள். பேட்டி தந்த வில்லிசைக்காரருக்கு, அவர் பேசிய துண்டை அன்றைக்கே அனுப்பிவிடுங்கள். அவர் போனிலிருந்து சொந்தக்காரர்களுக்குப் போகிற ஒன்று, உங்கள் பத்துக் குரூப்புக்குச் சமம்.

கேள்வி: என் பாட்காஸ்ட்டைப் பஸ்ஸில் கேட்டால் பேச்சு காதில் விழவே இல்லை என்கிறார்களே?
– வாசகர், பாளையங்கோட்டை

பதில்: சராசரி ஒலியளவு -16 எல்.யு.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு), உச்சம் -1 டெசிபலுக்குள் இருக்கட்டும். ஆப்பிள் சொல்லும் அளவு இது. ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் முதலில் இரைச்சல் நீக்கம், பிறகு கம்ப்ரெசர் (சத்த ஏற்ற இறக்கத்தைக் குறைப்பது), அதன்பின் லவுட்னஸ் நார்மலைசேஷன் (மொத்த ஒலியளவைக் குறித்த அளவுக்குக் கொண்டுவருவது), கடைசியில் லிமிட்டர் (உச்சம் எல்லை தாண்டாமல் தடுப்பது). வரிசை மாறினால் ஃபேன் சத்தமும் சேர்ந்தே ஏறிவிடும். வில்லுப்பாட்டு வரும் இடத்தில் மட்டும் கம்ப்ரெசரை லேசாக வையுங்கள். அழுத்தினால் உடுக்கை அடி மழுங்கிப் பேச்சோடு பேச்சாகிவிடும்.