கால் கனக்கிற கடைசி ரவுண்டு: லாக்டேட் பற்றிக் கேட்டவர்களுக்குப் பதில்கள்

ஓட்டப் பயிற்சி எடுப்பவர்களும் அவர்களுடைய வீட்டாரும் லாக்டேட் (பேச்சுவழக்கில் லாக்டிக் ஆசிட் என்பது இதைத்தான்) பற்றிக் கேட்டிருந்த கேள்விகளைச் சேர்த்து வைத்திருந்தேன். ஓடி முடித்து மூச்சிரைக்க நிற்பவர்களின் காது மடலில் ஊசி குத்தி ஒரு சொட்டு இரத்தம் எடுத்து அளப்பது என் வேலையில் பாதி என்பதால், பார்த்ததையும் சேர்த்தே சொல்கிறேன்.

அக்கா, நான் 400 மீட்டர் ஓடுகிறேன். கடைசி 100 மீட்டரில் கால் கல் மாதிரி ஆகிவிடுகிறது. லாக்டிக் ஆசிட் ஏறிவிட்டது என்கிறார் கோச். அந்த விஷத்தை வெளியேற்ற என்ன சாப்பிடலாம்?

தம்பி, முதலில் 'விஷம்' என்ற வார்த்தையை விட்டுவிடுங்கள். வேகமாக ஓடும்போது தசை சர்க்கரையை அவசர அவசரமாக உடைக்கிறது. உடைந்து வருவது பைருவேட். அதை எரித்து முடிக்கிற வேகத்தைவிட உண்டாகிற வேகம் கூடும்போது, மிஞ்சுவது லாக்டேட்டாக மாறுகிறது. இப்படி மாறினால்தான் அடுத்த சர்க்கரையை உடைக்கும் வேலை தடையில்லாமல் நடக்கும். லாக்டேட் உண்டாகவில்லை என்றால் 400 மீட்டரை அந்த வேகத்தில் உங்களால் ஓடவே முடியாது.

உண்டானதும் வீணாகப் போவதில்லை. பக்கத்துத் தசை நாரும் இதயமும் அதை எடுத்து எரிக்கின்றன, மூளைகூட எரிக்கிறது. மீதியைக் கல்லீரல் மறுபடி சர்க்கரையாக்கிவிடும். இந்தச் சுற்றைக் கண்டுபிடித்த கார்ல் கோரி, கெர்ட்டி கோரி தம்பதிக்கு 1947-இல் நோபல் பரிசு கிடைத்தது. அப்புறம் 1980-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் ஜார்ஜ் புரூக்ஸ், லாக்டேட் ஒரு தசையிலிருந்து இன்னொன்றுக்குப் போய்வருகிற எரிபொருள் என்று எடுத்துச் சொன்னார்.

கெட்ட பெயர் எப்படி வந்தது என்றால், 1907-இல் கேம்பிரிட்ஜில் ஃபிளெட்சரும் ஹாப்கின்ஸும் தவளையின் தசையை வைத்துச் சோதித்தார்கள். ஆக்சிஜன் இல்லாமல் களைத்த தசையில் லாக்டிக் ஆசிட் சேர்ந்திருந்தது, ஆக்சிஜன் கொடுத்தால் குறைந்தது. கண்டது சரிதான். ஆனால் உடம்பிலிருந்து வெட்டியெடுத்த தசையில் இரத்த ஓட்டம் ஏது? சேர்ந்தது போக வழியில்லை. களைப்பும் அதுவும் கூடவே இருந்ததால், பழி அதன்மேல் விழுந்து நூறு வருடமாக ஒட்டிக்கொண்டது.

கால் கனப்பதற்குக் காரணம் பல. ஹைட்ரஜன் அயனி கூடி தசைக்குள் அமிலத்தன்மை ஏறுகிறது, பாஸ்பேட் சேர்கிறது, பொட்டாசியம் வெளியே கசிகிறது, தசை சுருங்குவதற்கு வேண்டிய கால்சியம் சரியாக வெளிவருவதில்லை. மெக்கார்டில் நோய் என்று ஒன்று உண்டு, 1951-இல் முதலில் விவரிக்கப்பட்டது. அந்த நோய் உள்ளவர்களின் தசையால், தான் சேமித்து வைத்திருக்கும் சர்க்கரையான கிளைக்கோஜனை உடைக்க முடியாது, அதனால் உழைக்கும்போது லாக்டேட் ஏறாது. அவர்கள் களைப்பில்லாமல் ஓட வேண்டும் அல்லவா? மாறாக, நம்மைவிடச் சீக்கிரம் தளர்ந்துபோகிறார்கள். என் மனதை மாற்றியது இந்த ஒரு செய்திதான்.

தயிர் சாப்பிட்டால் லாக்டிக் ஆசிட் ஏறும் என்று போட்டிக்கு முந்தின நாள் தயிர்சாதம் வேண்டாம் என்கிறார்கள். உண்மையா?

இல்லை. 1780-இல் ஷீலே என்ற வேதியியலாளர் புளித்த பாலிலிருந்து பிரித்தெடுத்ததால் அந்தப் பெயர், அவ்வளவுதான். ஒரு கிண்ணம் தயிரில் இருப்பது இரண்டு கிராம் அளவு. நீங்கள் சும்மா இருந்தாலே உங்கள் உடம்பு ஒரு நாளில் 100 கிராமுக்கு மேல் உண்டாக்கி, தானே செலவும் செய்துவிடுகிறது. வயிறு ஏற்றுக்கொண்டால் தாராளமாகச் சாப்பிடுங்கள்.

போலீஸ் தேர்வுக்குத் தயாராகிறேன் அக்கா. 1500 மீட்டரை 7 நிமிடத்தில் ஓட வேண்டும். முதல் ரவுண்டு 85 நொடியில் போய்விடுகிறேன், மூன்றாவது ரவுண்டில் நடக்கிறேன். 7:40 ஆகிறது. இரண்டு மாதம்தான் இருக்கிறது.

உங்கள் கேள்வியிலேயே பதில் இருக்கிறது. 7 நிமிடத்தில் முடிக்க 400 மீட்டர் ரவுண்டு ஒன்றுக்கு 112 நொடி போதும். நீங்கள் 85-இல் போகிறீர்கள், அதாவது 27 நொடி அதிகப்படியான அவசரம். இரத்தத்தில் லாக்டேட் ஓய்வில் லிட்டருக்கு ஏறத்தாழ 1 மில்லிமோல் (அளவைச் சொல்லும் அலகு) இருக்கும். வேகம் கூடக் கூடக் கொஞ்ச தூரம் மெதுவாக ஏறும், ஒரு வேகத்தைத் தாண்டியதும் செங்குத்தாக ஏறும். அந்த இடம்தான் உங்கள் வாசல். அதற்குக் கீழே இருக்கும்வரை உண்டாவதும் எரிவதும் சரிக்குச் சரி நடக்கும், ரொம்ப நேரம் ஓடலாம். மேலே போனால் சில நிமிடங்கள்தான் தாங்கும். நீங்கள் முதல் ரவுண்டிலேயே வாசலைத் தாண்டி வெகுதூரம் போய்விட்டு, மீதி இரண்டே முக்கால் ரவுண்டும் அதற்கான கடனை அடைக்கிறீர்கள்.

நாளைக் காலையே கிரவுண்டுக்குப் போய், கையில் கடிகாரத்தோடு முதல் 200 மீட்டரை 56 நொடிக்கு ஓடிப் பாருங்கள். ரொம்ப மெதுவாக இருப்பது போலத் தோன்றும், பக்கத்தில் இருப்பவர்கள் எல்லாம் முன்னால் போவார்கள், விடுங்கள். அதே வேகத்தில் மூன்று ரவுண்டு வரை இருந்துவிட்டுக் கடைசி 300 மீட்டரில் மிச்சமிருப்பதைப் போடுங்கள். இதற்கே அரை நிமிடம் குறைந்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன்.

பயிற்சிக்கு, வாரத்தில் நான்கு நாள் பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 30 முதல் 40 நிமிடம். ஒரு நாள் மட்டும் 400 மீட்டர் ஐந்தாறு முறை, ஒவ்வொன்றும் 105 நொடி, நடுவில் ஒன்றரை நிமிடம் நடை. மெதுவான ஓட்டத்தை யாரும் மதிப்பதில்லை, எனக்கு அது பெரிய வருத்தம். தசைக்குள் எரிபொருளை எரித்துச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியா பெருகுவதும், நுண்ணிய இரத்தக் குழாய்கள் கூடுவதும், லாக்டேட்டை உள்ளே இழுத்து எரிக்கும் திறன் வளர்வதும் பெரும்பாலும் அந்த ஓட்டத்தில்தான்.

லாக்டேட் மீட்டர் வாங்கியிருக்கிறேன். 4 மில்லிமோல்தான் எல்லை என்று படித்தேன். ஆனால் ஒரே வேகத்துக்கு ஒரு நாள் 2.8, இன்னொரு நாள் 4.6 காட்டுகிறது. மீட்டர் கெட்டுவிட்டதா?

மீட்டரைவிட எடுக்கும் கையைத்தான் நான் முதலில் சந்தேகப்படுவேன். வேர்வையில் லாக்டேட் இரத்தத்தைவிடப் பல மடங்கு இருக்கும். ஒரு முறை புழுக்கமான சாயங்காலத்தில், ஓடி வந்த பெண்ணின் காது மடலை அவசரத்தில் சரியாகத் துடைக்காமல் எடுத்துவிட்டேன். 5.1 வந்தது. அவள் மூச்சைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிட்டு, முதல் சொட்டை வழித்துப்போட்டு இரண்டாவது சொட்டில் எடுத்தேன், 2.7. முதல் எண்ணை நம்பியிருந்தால் அன்றைக்கு அவள் பயிற்சியையே குறைத்திருப்பேன்.

இன்னொன்று, முந்தின நாள் கடுமையாக ஓடியிருந்தாலோ விரதம் இருந்திருந்தாலோ தசையில் கிளைக்கோஜன் குறைந்து, எண் தாழ்வாக வரும். தேறிவிட்டோம் என்று ஏமாந்துவிடாதீர்கள். வெயிலிலும் புழுக்கத்திலும் அதே வேகத்துக்கு எண் கூடும். ஆகவே ஒரே நேரம், ஒரே மாதிரிச் சாப்பாடு, ஒரே டிராக்.

4 என்பது 1970-களில் ஜெர்மனியின் கொலோனில் மாடரும் மற்றவர்களும் கொண்டுவந்த எண், சராசரியாக ஒத்துவரும். ஆளுக்கு ஆள் வித்தியாசம் உண்டு: ஒருவருக்கு 3-லேயே நிலை தடுமாறும், இன்னொருவர் 6-இல் நிதானமாக அரை மணி ஓடுவார். உங்கள் எண்ணை உங்களுடைய பழைய எண்ணோடு மட்டும் ஒப்பிடுங்கள். மூன்று மாதம் கழித்து அதே வேகத்துக்குக் குறைவான லாக்டேட் வந்தால், அது உண்மையான முன்னேற்றம்.

நார்வேக்காரர்கள் ஒரே நாளில் காலையும் மாலையும் இன்டர்வெல் (வேகமாக ஓடி, நடுவில் இளைப்பாறி, மறுபடி ஓடுவது) ஓடுகிறார்களாமே, நானும் செய்யலாமா? வாரம் நான்கு நாள் ஓடுகிறேன்.

நான்கு நாளுக்கு வேண்டாம். அந்த முறையை உருவாக்கிய மாரியஸ் பாக்கன் 5000 மீட்டர் ஓட்டக்காரர், டாக்டரும்கூட. பின்னால் யாக்கோப் இங்கபிரிட்சன் 2021-இல் டோக்கியோவில் 1500 மீட்டரிலும், 2024-இல் பாரிஸில் 5000 மீட்டரிலும் தங்கம் வாங்கியதும் உலகமே அந்தப் பக்கம் திரும்பியது. இரண்டு வேளை ஓடுவதைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள், நடுநடுவே நின்று இரத்தம் எடுத்து, எண் கூடினால் வேகத்தைக் குறைக்கிறார்களே, அதை யாரும் பார்ப்பதில்லை. வாசலைத் தாண்டாமல் அடக்கி ஓடுவதால்தான் சாயங்காலமும் ஓட முடிகிறது. மீட்டர் இல்லையென்றால் பேச்சை வைத்துப் பாருங்கள். முழு வாக்கியம் வந்தால் கீழே இருக்கிறீர்கள், நாலைந்து வார்த்தைக்கு ஒரு மூச்சு என்றால் வாசலருகில், ஒற்றை வார்த்தைதான் வருகிறது என்றால் தாண்டிவிட்டீர்கள்.

மறுநாள் தொடை வலிப்பது தேங்கிய லாக்டிக் ஆசிட்டால்தானே? மசாஜ் செய்தால் போய்விடுமா?

ஓடி முடித்து ஒரு மணி நேரத்துக்குள் லாக்டேட் ஏறக்குறைய பழைய அளவுக்கு வந்துவிடும். மெதுவாக ஜாகிங் போனால் இன்னும் சீக்கிரம். மறுநாள் காலையில் அது அங்கே இருக்காது. பழனி மலை ஏறி இறங்கியவர்களைக் கேளுங்கள், மூச்சு வாங்கியது ஏறும்போது, தொடை பிடிப்பது இறங்கியதால். இறங்கும்போது தசை நீண்டுகொண்டே எடையைத் தாங்குகிறது, அதில் நுண்ணிய சேதம் ஏற்பட்டு இரண்டாம் நாள் வலி உச்சத்துக்குப் போகிறது. 1983-இல் ஷ்வானும் அவர் குழுவும் சோதித்ததும் இதைத்தான்: சமதளத்தில் ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறியது, வலி வரவில்லை. சரிவில் இறங்கி ஓடியவர்களுக்கு லாக்டேட் ஏறவில்லை, வலி வந்தது. மசாஜ் இதமாக இருந்தால் செய்துகொள்ளுங்கள்.

ஆப்ப சோடா குடித்துவிட்டு 800 மீட்டர் ஓடலாமா?

வேலை செய்யும், தடையும் இல்லை. எடையில் கிலோவுக்கு 0.2 முதல் 0.3 கிராம், போட்டிக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்னால், நிறையத் தண்ணீரோடு. அமிலத்தைத் தசையிலிருந்து இரத்தத்துக்கு இழுக்கிறது. சோடா குடித்து ஓடுபவர்களுக்கு இரத்தத்தில் லாக்டேட் கூடுதலாகவே வரும், ஓட்டமும் நன்றாக இருக்கும். அதைத்தான் மேலே விஷம் என்றார் ஒரு தம்பி! ஆனால் வயிறு கலக்கி, பேதி வரை போகலாம். போட்டி நாளில் முதல்முறையாகக் குடிக்கவே கூடாது. பிபி, சிறுநீரகப் பிரச்சினை இருப்பவர்கள் தொட வேண்டாம்.

அப்பா ஐசியுவில் இருக்கிறார். லாக்டேட் 5, கவலைக்கிடம் என்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்கு 15 கூட வரும் என்று படித்தேனே, அப்படியானால் பயம் வேண்டாமா?

அம்மா, பொருள் ஒன்றுதான், அர்த்தம் வேறு. 400 மீட்டர் ஓடியவருக்கு 15, 20 வந்தாலும் அரை மணியில் பாதிக்கு மேல் இறங்கிவிடும். படுத்திருப்பவருக்கு 2-ஐத் தாண்டினாலே, கிருமித் தொற்றோ இரத்த ஓட்டக் குறைவோ உடம்பை அழுத்துகிறது என்று டாக்டர்கள் கவனிப்பார்கள். அங்கேயும் லாக்டேட் குற்றவாளி இல்லை, உள்ளே நடப்பதைச் சொல்லும் அடையாளம். சிகிச்சைக்குப் பிறகு எண் இறங்குகிறதா என்று டாக்டரிடம் கேளுங்கள், இறங்கினால் நல்ல அறிகுறி. அப்பா தேறி வர வேண்டும்.

மகளுக்கு 11 வயது, மாவட்ட அளவில் ஓடுகிறாள். லாக்டேட் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள், எடுக்கலாமா மேடம்?

வேண்டாம். அந்த வயதில் பெரியவர்கள் அளவுக்கு லாக்டேட் உண்டாகாது, அதனால்தான் விழுந்தடித்து ஓடிவிட்டு இரண்டு நிமிடத்தில் மறுபடி ஓடுகிறார்கள். எண்ணை வைத்து இப்போது முடிவு செய்ய எதுவும் இல்லை, ஊசிக்குப் பயந்து அவள் கிரவுண்டுக்கு வர மறுத்தால் நஷ்டம்தான் மிச்சம். நீளம் தாண்டட்டும், கபடி ஆடட்டும், சைக்கிள் ஓட்டட்டும். பதினாறு, பதினேழு வயதிலும் ஓட்டத்தில் ஆசை இருந்தால் அப்போது கூட்டி வாருங்கள், நானே எடுத்துப் பார்க்கிறேன்.