பெலார்கோனியம்: எந்த ஊருக்கு எந்த வகை? வாசகர் கேள்வி – பதில்

ஜெரேனியம் என்ற பெயரில் நம் நர்சரிகளில் விற்கப்படும் பெலார்கோனியச் செடிகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு சிறு குறிப்பு வெளியானது. அதைப் படித்துவிட்டு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில், பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே விடை தருகிறேன்.

சென்ற மே மாதம் உதகை மலர்க்கண்காட்சிக்குச் சென்றபோது, மடிப்பு மடிப்பான பெரிய இதழ்களில் கருஞ்சிவப்புத் திட்டு கொண்ட ஒரு ஜெரேனியத்தை அங்குள்ள நர்சரியில் வாங்கி வந்தேன். அப்போது இருந்த மொட்டுகள் மலர்ந்தன. அதன் பிறகு செடி தழைக்கிறதே தவிர ஒரு மொட்டும் வைக்கவில்லை. உரம் போதவில்லையா? — வாசகி, கோயம்புத்தூர்

உரத்தில் குறை எதுவும் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் செடிக்குக் குளிர்தான் போதவில்லை. நீங்கள் தரும் அடையாளங்களைப் பார்த்தால் அது ரீகல் எனப்படும் வகை. தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிக் கடலோரங்களில் வளரும் குக்குல்லேட்டம் என்ற இனத்தையும் அதன் உறவினங்களையும் ஒன்றோடொன்று கலந்து, ஐரோப்பியத் தோட்டக்காரர்கள் உருவாக்கிய கலப்பினக் கூட்டம் இது. இவ்வகையில் பூமொட்டு உருவாக வேண்டுமானால், இரவு வெப்பநிலை ஏறத்தாழ 15 டிகிரி செல்சியசுக்குக் கீழே சில வாரங்களாவது தொடர்ந்து இருக்க வேண்டும். உதகையில் கார்த்திகை முதல் மாசி வரை அந்தக் குளிர் தானாகவே கிடைத்துவிடுகிறது என்பதால், அங்கே கோடைத் தொடக்கத்தில் செடி முழுவதும் பூத்து நிற்கிறது. கோவையிலோ மார்கழி இரவுகளிலும் வெப்பநிலை பெரும்பாலும் 18 டிகிரியை ஒட்டியே நிற்பதால், செடிக்குப் பூக்க வேண்டும் என்ற தூண்டுதலே கிடைப்பதில்லை. இந்த நிலையில் உரத்தைக் கூட்டினால், குறிப்பாகத் தழைச்சத்து மிகுந்த உரத்தை இட்டால், இலைகள்தான் இன்னும் பெருக்கும்.

குன்னூரிலோ கோத்தகிரியிலோ உறவினர்கள் இருந்தால் அந்தச் செடியை அவர்களிடம் கொடுத்துவிடுங்கள்; அடுத்த ஆண்டே அங்கே பூக்கும். உங்கள் வீட்டுக்கு ஸோனல் வகையைத் தேர்ந்தெடுங்கள். வட்டமான இலையின் நடுவே குதிரைலாட வடிவில் ஒரு கரும்பட்டை ஓடுவதைக் கொண்டு இதை எளிதில் அடையாளம் காணலாம். இன்க்வினன்ஸ், ஸோனேல் என்ற இரண்டு தென்னாப்பிரிக்க இனங்களிலிருந்து பிறந்த இவ்வகைக்குப் பூப்பதற்குக் குளிர் தேவையில்லை, பகல் நீளமும் பொருட்டில்லை. போதிய வெயில் கிடைத்தால் பூத்துக்கொண்டே இருக்கும். ஆயினும் 32 டிகிரிக்கு மேல் போகும் நாட்களில் இதுவும் சோர்ந்து, பூக்கள் சிறுத்துவிடும். எனவே கிழக்குப் பார்த்த பால்கனியில் காலை வெயில் நான்கைந்து மணி நேரம் படும்படி வைத்து, பங்குனி முதல் ஆனி வரை உச்சி வெயிலுக்கு நிழல்வலை கட்டுங்கள். விற்கும்போதே செடி எந்த வகை என்பதை ஒரு சிறு அட்டையில் எழுதித் தருவது நர்சரிகளின் கடமை என்று நான் உறுதியாகக் கருதுகிறேன். அந்த ஓர் அட்டை இல்லாத காரணத்தால்தான் எத்தனையோ ரீகல் செடிகள் சமவெளிக்கு வந்து வீணாகின்றன.

தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றியும் என் ஸோனல் செடியின் அடி இலைகள் மஞ்சளாகி உதிர்கின்றன. தண்டின் அடிப்பகுதி கறுத்து, தொட்டால் மெதுமெதுவென்று இருக்கிறது. காப்பாற்ற முடியுமா? — வாசகர், சென்னை

தினமும் ஊற்றிய தண்ணீரே இதற்குக் காரணம். கறுத்த பகுதி இனித் தேறாது. ஈர மண்ணில் பெருகும் பித்தியம் என்ற நுண்ணுயிர் வேரைத் தாக்கி, அங்கிருந்து தண்டுக்கு ஏறியிருக்கிறது. அது நுனிவரை போய்ச்சேர்வதற்கு முன், இன்றே நுனிக் கிளைகளை வெட்டி எடுத்துவிடுங்கள்.

வெட்டும் துண்டு 8 முதல் 10 சென்டிமீட்டர் நீளம் இருக்கட்டும். உள்ளே பழுப்பு நிறம் தெரியாத, பசுமையான தண்டாகப் பார்த்து, ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டி, கீழிலைகளையும் இலைக்காம்பு அடியில் ஒட்டியிருக்கும் சிறு செதில்களையும் மொட்டுகளையும் நீக்குங்கள். பிறகு அதை நிழலில் சில மணி நேரம் வைத்திருந்தால் வெட்டுவாய் உலர்ந்து மூடிக்கொள்ளும். உடனே ஈர மண்ணில் செருகினால் அந்த வாய் வழியாகவே அழுகல் நுழையும். கழுவிய பருமணலில் செருகி, ஒருமுறை நனைத்து, மணல் ஏறக்குறைய உலர்ந்த பின்னரே மறுபடி நனைத்தால் போதும். செம்பருத்திக்கும் ரோஜாவுக்கும் செய்வதுபோல் பிளாஸ்டிக் பையால் மூடி வைக்காதீர்கள். பெலார்கோனியத்தின் சதைப்பற்றுள்ள தண்டு அந்தப் புழுக்கத்தில் அழுகிவிடும். வேர்விடும் மருந்தும் தேவையில்லை. மூன்று நான்கு வாரங்களில் வேர் பிடித்துவிடும்.

புதிய தொட்டி சுட்ட மண் தொட்டியாகவும், வாய் அகலம் 15 சென்டிமீட்டருக்கு மிகாததாகவும் இருக்கட்டும். பெரிய தொட்டியில் வேர் எட்டாத மண் ஈரமாகவே கிடக்கும் என்பதோடு, வேர் சற்று நெருக்கமாக இருக்கும்போதுதான் இந்தச் செடி நன்றாகப் பூக்கும். செம்மண் இரண்டு பங்கு, பருமணல் ஒரு பங்கு, நன்கு மக்கிய தொழு உரம் ஒரு பங்கு என்ற கலவை போதும். தேங்காய் நார்க்கழிவைத் தவிர்ப்பது நல்லது. அது நீரைப் பிடித்து வைக்கும், கழுவாததாக இருந்தால் உப்பும் சேரும். பெரும்பாலான பெலார்கோனிய இனங்களின் தாயகமான மேற்குக் கேப்பில் மழை குளிர்காலத்தில் பெய்கிறது, கோடை வறண்டு போகிறது; அந்த வறட்சியைத் தாங்கும் பொருட்டே தண்டில் நீரைச் சேமித்துக்கொள்ள அவை பழகியிருக்கின்றன. ஆகவே மேல்மண் இரண்டு விரல்கட்டை ஆழத்துக்குக் காய்ந்த பின்னரே ஊற்றுங்கள். வடகிழக்குப் பருவமழை பெய்யும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் தொட்டியைக் கட்டாயம் கூரைக்கு அடியில் வைக்க வேண்டும். சென்னைவாசிகள் புதுச்செடி வாங்குவதானால் மழை ஓய்ந்த பிறகு, மார்கழியில் வாங்குவதே சிறந்தது.

நீலகிரிப் புல்வெளிகளில் தானாக வளரும் ஜெரேனியமும் நாம் தொட்டியில் வளர்ப்பதும் ஒன்றுதானா? — கல்லூரி மாணவி, உதகை

இரண்டும் ஒரே குடும்பம், பேரினம் வேறு. 1753இல் லின்னேயஸ் இரண்டையும் ஜெரேனியம் என்றே தொகுத்திருந்தார். 1789இல் பிரெஞ்சுத் தாவரவியலாளர் லெரித்தியே ஆப்பிரிக்க இனங்களைப் பெலார்கோனியம் என்று பிரித்தார். தோட்டக்காரர்கள் பழைய பெயரைக் கைவிடவில்லை. உங்கள் மலையில் இயல்பாக வளரும் ஜெரேனியம் நேபாலென்ஸின் பூவைப் பார்த்தால் ஐந்து இதழ்களும் ஒத்த வடிவில் வட்டமாக அமைந்திருக்கும். பெலார்கோனியத்தில் மேலிரண்டு இதழ்கள் கீழ்மூன்றிலிருந்து வேறுபட்டு, பெரும்பாலும் கோடுகளோ திட்டுகளோ பெற்றிருக்கும். பூக்காம்பைக் குறுக்கே வெட்டினால் அதனோடு ஒட்டி ஓடும் தேன்குழாயையும் காணலாம். அது ஜெரேனியத்தில் கிடையாது. பல தலைமுறையாக மேம்படுத்தப்பட்ட ஸோனல் பூக்களில் இதழ் வேறுபாடு மங்கிவிட்டதால், வாசனை வகையின் பூவை வைத்து ஆராய்ந்தால் தெளிவாகத் தெரியும்.

ஸோனல் இலைகளின் அடியில் பழுப்புப் பொடி வட்டம் வட்டமாகத் தோன்றுகிறது. அதன் அருகிலேயே தொங்கும் ஐவி வகைக்கு ஒன்றும் ஆகவில்லை. மூடுபனிதான் காரணமா? — வாசகர், கோத்தகிரி

இது துரு நோய். தென்னாப்பிரிக்காவிலிருந்து உலகெங்கும் பரவிய பக்சினியா பெலார்கோனியை-ஸோனாலிஸ் என்ற பூஞ்சணம் இதற்குக் காரணம். அது ஸோனல் வகையைத்தான் முதன்மையாகத் தாக்கும். ஐவி, ரீகல், வாசனை வகைகள் பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. மூடுபனி நோயைக் கொண்டு வருவதில்லை என்றாலும், வித்துகள் முளைக்க இலைமேல் சில மணி நேரம் ஈரம் நிற்க வேண்டும் என்பதால், உங்கள் ஊரின் பனி அதற்குத் துணை போகிறது. வட்டம் விழுந்த இலைகளைப் பறித்துப் பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள், உரக்குழியில் போடாதீர்கள். தொட்டிகளைக் காற்றோடும்படி தள்ளித்தள்ளி வைத்து, காலையில் மட்டும், இலை நனையாமல் மண்ணில் ஊற்றுங்கள். புதிதாக வாங்கும் செடியை இரண்டு மூன்று வாரம் தனியே வைத்துப் பார்த்த பிறகே மற்றவற்றோடு சேருங்கள்.

இதைவிடக் கொடியது பாக்டீரியா வாடல் நோய். மண் ஈரமாக இருக்கும்போதே இலை குடைபோல் தொங்குவதும், இலை விளிம்பிலிருந்து உள்நோக்கி ஆப்பு வடிவில் மஞ்சள் படர்வதும், தண்டை வெட்டினால் உள்ளே பழுப்பு நிறம் தெரிவதும் அதன் அறிகுறிகள். அதற்கு மருந்தே கிடையாது. செடியை மண்ணோடு அழித்துவிட வேண்டும். ஐவி வகை இந்த நோயை வெளிக்குத் தெரியாமல் சுமந்து திரிவதுண்டு. ஆகவே ஒரு செடியை வெட்டிய கத்தியை ஸ்பிரிட்டால் துடைக்காமல் அடுத்த செடியைத் தொடாதீர்கள்.

தொங்குதொட்டியில் வளர்க்கும் ஐவி ஜெரேனியத்தின் இலையடியில் தக்கைபோல் சொரசொரப்பான புடைப்புகள் தோன்றியுள்ளன. பூச்சியா? — வாசகி, நுவரெலியா

பூச்சியும் அல்ல, தொற்றுநோயும் அல்ல. குளிர்ந்த, மேகமூட்டமான, ஈரப்பதம் மிகுந்த நாட்களில் வேர் உறிஞ்சும் நீரை இலையால் வெளியேற்ற முடியாதபோது செல்கள் வீங்கி வெடித்து, அந்த இடம் தக்கையாகி ஆறுகிறது. பெல்டேட்டம் என்ற இனத்திலிருந்து வந்த ஐவி வகைக்கு இது மிக எளிதில் வரும். வந்த புடைப்பு மறையாது. வெயில் வரும்வரை தண்ணீரைக் குறைத்து, தொட்டியை வெளிச்சமான இடத்துக்கு மாற்றினால் புதிய இலைகள் சுத்தமாக வரும்.

கொசு விரட்டும் செடி என்று சொல்லி ஒரு வாசனை ஜெரேனியத்தை விற்கிறார்கள். வாங்கலாமா? — வாசகர், சேலம்

வாசனைக்காக வாங்குங்கள், கொசுவுக்காக வேண்டாம். 1990களில் அமெரிக்காவிலும் கனடாவிலும் அந்தச் செடியைப் பக்கத்தில் வைத்துச் சோதித்துப் பார்த்ததில், அதனால் கொசுக்கடி குறையவில்லை. எண்ணெய் இலையின் மேலுள்ள நுண்ணிய சுரப்பிமயிர்களுக்குள் அடைபட்டிருக்கிறது. தொட்டாலோ கசக்கினாலோதான் மணம் வெளிப்படும்.

மற்றபடி, வாசனை வகைகளைப்போல் மனத்துக்கு நிறைவு தரும் தொட்டிச்செடிகள் குறைவு என்பேன். கிராவியோலென்ஸ் ரோஜா மணமும், கிரிஸ்பம் எலுமிச்சை மணமும், வெல்வெட் போன்ற இலைகொண்ட டொமென்டோசம் புதினா மணமும், ஒடோரட்டிசிமம் ஆப்பிள் மணமும் தரும். டொமென்டோசம் மட்டும் பகுதி நிழலை விரும்பும். ஏனையவற்றுக்கு வெயில் வேண்டும். ரோஜா மணமுள்ள வகை உங்களுக்குப் பக்கத்துச் செடியே: ஏர்க்காட்டிலும் நீலகிரியிலும் கொடைக்கானல் மலைகளிலும் எண்ணெய்க்காகப் பயிரிடப்பட்டது. இலைகளை நீராவியில் வடித்தெடுக்கும் அந்த எண்ணெயில் சிட்ரோனெல்லாலும் ஜெரானியாலும் மிகுந்திருப்பதால், சோப்பிலும் நறுமணப் பொருள்களிலும் அது ரோஜா எண்ணெயின் இடத்தை நிரப்புகிறது. சேலத்தின் வெயிலை இது ஸோனலைவிட நன்றாகத் தாங்கும். நீர் தேங்காமல் பார்த்துக்கொண்டு, நுனிகளை அடிக்கடி கிள்ளிவிடுங்கள். வீட்டில் பூனையோ நாயோ இருந்தால் எட்டாத உயரத்தில் வையுங்கள்; இலையைத் தின்றால் அவற்றுக்கு வாந்தியும் சோர்வும் உண்டாகும்.

லண்டனில் வசிக்கிறோம். தோட்டத்தில் நிற்கும் ஸோனல் செடிகளைக் குளிர்காலத்தில் எப்படிக் காப்பது? — வாசகர், இங்கிலாந்து

உறைபனி விழுவதற்கு முன், பொதுவாக அக்டோபர் மாதத்துக்குள், தொட்டிகளை உள்ளே எடுத்துவிடுங்கள். செடியை மூன்றில் ஒரு பங்காகக் கவாத்து செய்து, பழுத்த இலைகளையும் வாடிய பூக்களையும் முழுவதும் நீக்குங்கள். அவற்றில்தான் சாம்பல் பூஞ்சணம் முதலில் குடியேறும். சூடேற்றப்பட்ட வரவேற்பறையைவிட, 5 முதல் 7 டிகிரிக்குக் குறையாத, வெளிச்சம் வரும் குளிர்ந்த அறை நல்லது. மண் முற்றிலும் தூளாகிவிடாத அளவுக்கு எப்போதாவது சிறிது தண்ணீர் போதும். மார்ச்சில் துளிர் தெரிந்ததும் புது மண் மாற்றி, மெல்ல மெல்லத் தண்ணீரைக் கூட்டி, உறைபனி அபாயம் நீங்கிய மே இறுதியில் வெளியே வையுங்கள். மொட்டு தோன்றியது முதல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, தக்காளிக்கு இடும் சாம்பல் சத்து மிகுந்த திரவ உரத்தையே இதற்கும் இடலாம்.