தட்டில் வைத்ததும் வயிற்றுக்குள் போனதும்: மகளின் விருப்பம் பற்றி ஒரு தாய்க்கு

அம்மா, மேற்படிப்பு பற்றிக் கேட்க நீங்கள் இருவரும் என்னிடம் வந்த அன்று, தீக்காயம் பட்ட குழந்தைகளுக்கான உணவியல் நிபுணராக வேண்டும் என்று மகள் சொன்னாள். அவள் பக்கத்தில் இருந்ததால் நீங்கள் அதிகம் பேசவில்லை. மறுநாள் தொலைபேசியில் கேட்டீர்கள்: “நன்றாகப் படிக்கிற பெண். ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அட்டவணை எழுதவா போக வேண்டும்? அதிலும் தீயில் வெந்த குழந்தைகள் நடுவில் அவளால் நிற்க முடியுமா?” இரண்டுமே கேட்க வேண்டிய கேள்விகள். ஐந்து நிமிடத் தொலைபேசிப் பேச்சில் பதில் சொல்லி முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் அந்த அட்டவணை. தீக்காயம் தோலோடு நின்றுவிடுவதில்லை. உடம்பின் பெரும்பகுதி வெந்த குழந்தை அசையாமல் படுத்திருக்கும்போதும் இதயம் வேகமாகத் துடித்துக்கொண்டே இருக்கும். ஓடி விளையாடும் குழந்தை செலவழிக்கிற ஆற்றலை இந்தக் குழந்தை படுக்கையிலேயே செலவழிக்கும். அட்ரினலின் வகை ஹார்மோன்கள் இதற்கு முக்கியக் காரணம் என்று டக்ளஸ் வில்மோர் குழுவினர் 1974-இல் காட்டினார்கள். வெளியிலிருந்து போதிய எரிபொருள் வராவிட்டால் உடல் தன் தசையை உருக்கிக் காயத்துக்கு அனுப்பும். தசையில் பத்தில் ஒரு பங்கு கரைந்தால் நோய் எதிர்ப்பு தளர்கிறது. ஐந்தில் ஒரு பங்கு போனால் புண் ஆறத் தாமதமாகிறது. அதற்கு மேலும் போனால் இருமிச் சளியை வெளியேற்றும் வலுகூட இருக்காது. நிமோனியா வந்து உட்கார்ந்துகொள்ளும். அறுவை சிகிச்சை நிபுணர் எவ்வளவு நேர்த்தியாகத் தோலை ஒட்டினாலும், அந்தத் தோல் பிடித்துக்கொள்ளப் புரதம் வேண்டும். பெரியவர்களுக்காவது சேமிப்பு கொஞ்சம் உண்டு. குழந்தைக்கு அது குறைவு, வளர வேண்டிய கடனும் கூடவே இருக்கிறது.

உங்கள் மகள் கணக்கில் கெட்டி என்றீர்கள். இந்த வேலையில் அது வீணாகாது. காயத்தின் பரப்பை அளப்பதில் தொடங்கி எல்லாமே கணக்குதான். பிறந்த குழந்தையின் தலை மட்டும் உடல் பரப்பில் ஏறக்குறைய 19 சதவீதம். வளர்ந்தவர்களுக்கு அது 7 சதவீதம். அதனால்தான் பெரியவர்களுக்கான எளிய கணக்கைக் குழந்தைகளுக்கு அப்படியே போட முடியாது. வயதுக்கேற்ப மாறும் லண்ட்–பிரௌடர் வரைபடத்தை 1944-இல் வகுத்தார்கள். இன்றும் தீக்காய வார்டுகளில் அதுதான் புழக்கத்தில் இருக்கிறது.

ஒரு குழந்தையை எடுத்துக்கொள்வோம். நான்கு வயது, 17 கிலோ எடை, 104 சென்டிமீட்டர் உயரம். உடல் பரப்பு ஏறக்குறைய 0.7 சதுர மீட்டர். அதில் 30 சதவீதம், அதாவது 0.21 சதுர மீட்டர் வெந்திருக்கிறது. அமெரிக்காவின் கால்வெஸ்டன் நகரில் குழந்தைகளுக்கென்றே உருவான சூத்திரம் ஒன்று உண்டு. ஒன்று முதல் பதினொரு வயதுவரை உள்ள குழந்தைக்கு, உடல் பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் 1800 கலோரி. வெந்த பரப்பின் ஒவ்வொரு சதுர மீட்டருக்கும் கூடுதலாக 1300 கலோரி. நம் குழந்தைக்கு 1260-உம் 273-உம் சேர்த்து நாளுக்கு 1533 கலோரி. புரதம் எடையில் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றரை முதல் மூன்று கிராம்வரை என்பது மருத்துவ ஊட்டச்சத்துக்கான ஐரோப்பியச் சங்கம் 2013-இல் வெளியிட்ட வழிகாட்டுதல். ஆக அதிகபட்சம் 51 கிராம்.

இதுவரை உள்ளதைக் கணினியும் செய்துவிடும். வேலை இதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

இவ்வளவையும் வாயால் சாப்பிட அந்தக் குழந்தையால் முடியாது. வலி, காய்ச்சல், வலி மருந்துகளால் வரும் மலச்சிக்கல், முகத்தில் கட்டு. அதனால் மூக்கு வழியே மெல்லிய குழாய் போட்டு, ஒரு மில்லிலிட்டருக்கு ஒரு கலோரி தரும் திரவ உணவைப் பம்ப் மூலம் செலுத்துகிறார்கள். மணிக்கு 64 மில்லி வீதம் ஓடினால் ஒரு நாளில் கணக்கு நேராகிவிடும். ஆனால் மறுநாள் தோல் ஒட்டும் அறுவை சிகிச்சை. மயக்க மருந்துக்காகப் பம்பை எட்டு மணி நேரம் நிறுத்திவிடுகிறார்கள். 512 மில்லி போயிற்று. அன்றைய தேவையில் மூன்றில் ஒரு பங்கு! அடுத்த நாள் கட்டுப் பிரிக்கிறார்கள், மறுபடி நிறுத்தம். அதற்கடுத்த நாள் குழாய் நழுவியது, எக்ஸ்ரே எடுத்துச் சரிபார்க்கும்வரை நிறுத்தம். யாரும் தவறு செய்யவில்லை. ஒவ்வொரு நிறுத்தத்துக்கும் காரணம் இருந்தது. ஆனாலும் குழந்தை இளைத்துக்கொண்டே போகிறது. எழுதிக் கொடுத்த உணவுக்கும் உள்ளே போன உணவுக்கும் நடுவிலுள்ள அந்த இடைவெளியைத் தினமும் கண்டுபிடித்து அடைப்பதுதான் உணவியல் நிபுணரின் வேலை.

நான் ஒருமுறை இப்படிப்பட்ட நிபுணர் ஒருவருடன் காலை நேரம் முழுவதும் கூடவே இருந்திருக்கிறேன். மாணவர்களை ஒரு துறைக்கு அனுப்புமுன் அதை ஒரு நாளாவது கண்ணால் பார்க்க வேண்டும் என்பது என் வழக்கம். அவர் படுக்கைக்கு வந்ததும் முதலில் கோப்பைத் திறக்கவில்லை. பம்பின் பொத்தானை அழுத்தி, முந்தைய காலையிலிருந்து எத்தனை மில்லி ஓடியிருக்கிறது என்ற மொத்தக் கணக்கைப் பார்த்தார். பிறகுதான் கோப்பில் எழுதியிருந்ததைப் பார்த்தார். இரண்டும் வேறு வேறாக இருந்தன. ஒன்றும் சொல்லாமல் தன் நோட்டில் இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக்கொண்டார். அடுத்ததாகக் குழந்தையின் எடை. கட்டுகள், கையை நிமிர்த்தி வைக்கும் அச்சு, உடலில் தேங்கிய நீர் எல்லாம் சேர்ந்த எடை அது. குழந்தையின் எடை எது என்று தெரியாது. அதனால் கட்டு மாற்றும் நாளில், பழைய கட்டைப் பிரித்துப் புதிய கட்டுப் போடுவதற்கு முன் கிடைக்கும் சில நிமிடங்களில் எடை பார்க்கச் செவிலியருடன் ஏற்பாடு செய்து வைத்திருந்தார்.

மருத்துவர்கள் சுற்றுக்கு வந்தபோது அந்த நோட்டைத் திறந்தார். நாளைய அறுவை சிகிச்சை எத்தனை மணிக்கு, பம்பை நள்ளிரவிலேயே நிறுத்தத்தான் வேண்டுமா, குழாயின் நுனி சிறுகுடலில் இருப்பதால் தாமதமாக நிறுத்தலாமா என்று மயக்க மருத்துவரிடம் கேட்டார். இழந்த அளவை மீதி மணிநேரங்களில் வேகத்தைக் கூட்டி ஈடுசெய்ய அனுமதி வாங்கினார். பணிவாகத்தான் கேட்டார், ஆனால் பதில் கிடைக்கும்வரை நகரவில்லை. “சாப்பாட்டு அட்டவணை” என்று நீங்கள் சொன்னபோது எனக்கு அந்த நோட்டுதான் நினைவுக்கு வந்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நிறையக் கொடுப்பதே நல்லது என்றும் இல்லை. பழைய சூத்திரங்கள் சில தேவைக்கு மேல் கணக்குக் காட்டின. மிகையாக ஊட்டினால் கல்லீரலில் கொழுப்பு படியும், இரத்தச் சர்க்கரை ஏறும், மூச்சுக்கருவியிலிருந்து குழந்தையை விடுவிப்பது கடினமாகும். அதனால் வசதியுள்ள இடங்களில் குழந்தை உள்ளிழுக்கும் ஆக்சிஜனையும் வெளிவிடும் கரியமில வாயுவையும் அளந்து அன்றைய செலவைக் கண்டுபிடிக்கிறார்கள். அந்தக் கருவி இல்லாத இடத்தில் எடை, புண் ஆறும் வேகம், சர்க்கரை அளவு ஆகியவற்றை வைத்துக் கணித்துத் திருத்திக்கொண்டே போக வேண்டும்.

இந்தத் துறையின் அறிவு வளர்ந்த விதமும் மகளுக்குத் தெரிய வேண்டும். 1980-இல் சின்சினாட்டி நகரில் வெஸ்லி அலெக்சாண்டர் என்ற அறுவை மருத்துவரின் குழு, கடுமையாக வெந்த 18 குழந்தைகளை இரண்டு பிரிவாக்கிப் பார்த்தது. கூடுதல் புரதம் பெற்ற பிரிவில் அதிகக் குழந்தைகள் பிழைத்தார்கள், இரத்தத்தில் கிருமி பரவிய நாட்களும் குறைந்தன. அதே நகரின் குழந்தைகள் தீக்காய மருத்துவமனையில் பணியாற்றிய மிஷேல் காட்ஷ்லிக் மருத்துவர் அல்லர், உணவியல் நிபுணர். குழாய் உணவின் கலவை பற்றி 1990-இலும், எவ்வளவு சீக்கிரம் உணவைத் தொடங்குவது என்பது பற்றி 2002-இலும் வெளிவந்த முக்கியமான ஆய்வுகளுக்கு அவரே முதல் ஆசிரியர். நன்றாகப் படிக்கிற பெண்ணுக்கு இந்தத் துறையில் எட்டிப் பிடிக்க உயரம் இருக்கிறதா என்ற உங்கள் கவலைக்கு இதைவிட நேரான பதில் என்னிடம் இல்லை.

இனி இரண்டாவது கேள்வி. அவளால் தாங்க முடியுமா?

முதல் சில வாரங்கள் கடினமாகத்தான் இருக்கும். வாசனை, கட்டுப் பிரிக்கும்போது எழும் அழுகை, சில குழந்தைகள் பிழைக்காமல் போவது. இதை மறைத்து உங்களிடம் பேச நான் விரும்பவில்லை. ஆனால் கையில் ஒரு வேலை இருப்பவருக்கும் வெறுமனே பார்த்து நிற்பவருக்கும் துயரம் ஒரே மாதிரி இருப்பதில்லை. உணவியல் நிபுணர் காயத்தைப் பிரிப்பவர் அல்லர். குழந்தைக்கு வலி கொடுக்காமல் அதன் அருகில் வரும் சிலரில் ஒருவர். வெள்ளுடையைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் குழந்தை, “பாலா, பழச்சாறா, நீயே சொல்” என்று கேட்பவரிடம் மெல்லத் திரும்பும். வெறும் தண்ணீர் வயிற்றை நிரப்பிவிடும் என்பதால், குடிக்கும் ஒவ்வொரு வாயிலும் சத்து இருக்கும்படி பார்த்துக்கொள்வார்கள்.

பிறகு அந்தக் குழந்தைகளின் தாய்மார்கள். சிறு குழந்தைகளின் தீக்காயங்களில் பெரும்பகுதி கொதிநீரும் சூடான பானமும் கொட்டியதால் வருபவை. ஒரு நொடி திரும்பிய நேரத்தில் நடந்திருக்கும். அந்தத் தாய் தன்னையே தின்றுகொண்டு படுக்கையருகில் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒரு தாளைக் கொடுத்து, “இன்று எத்தனை வாய் சாப்பிட்டான் என்று நீங்கள்தான் எழுத வேண்டும், உங்கள் கணக்கை வைத்துத்தான் நான் நாளைக்கு முடிவு செய்வேன்” என்று சொல்வதும் இந்த வேலையின் பகுதி. பறிபோய்விட்டதாக அவள் நினைத்த ஒன்றை அந்தத் தாள் திருப்பிக் கொடுக்கிறது. மகளிடம் இதைச் சொன்னபோது அவள் கண் கலங்கினாள்; ஆனால் அடுத்த கேள்வியை உடனே கேட்டாள். அதை நான் குறித்துக்கொண்டேன்.

வீட்டுக்குப் போனதோடு உறவு முடிவதில்லை. கடுமையாக வெந்த குழந்தையின் உடல் ஓரிரு ஆண்டுகள்கூட அதிகச் செலவிலேயே இருக்கும். உயரம் ஏறுவது மந்தமாகும். தழும்பேறிய தோல் வைட்டமின் டி-யைச் சரியாகத் தயாரிக்காது, எலும்பு மெலியும். வளர்ச்சி வரைபடத்தில் அந்தக் கோடு மறுபடி மேலே ஏறுவதைப் பார்க்கும் நாள்வரை அவர்கள் வந்துபோவார்கள்.

வேலைவாய்ப்பு பற்றி உள்ளதை உள்ளபடி சொல்கிறேன். குழந்தைகளின் தீக்காயத்துக்கு மட்டுமே என்று பணியிடங்கள் மிகக் குறைவு. பெரிய தீக்காய மையங்களிலும் ஒருவரோ இருவரோதான் இருப்பார்கள். பலர் தீவிர சிகிச்சையையோ குழந்தைகள் பிரிவையோ சேர்த்தே கவனிப்பார்கள். எனவே இதையே குறியாக வைத்து மற்ற வாசல்களை அடைத்துக்கொள்ள வேண்டாம். பொது மருத்துவ உணவியலில் தொடங்கி, குழந்தைகள், தீவிர சிகிச்சை, குழாய் உணவு என்று அனுபவம் சேர்த்து இங்கே வருவதுதான் இயல்பான வழி. ஒருவேளை தீக்காயப் பிரிவு கிடைக்காவிட்டாலும் அந்தத் திறமை புற்றுநோய்ப் பிரிவிலும் விபத்துப் பிரிவிலும் அப்படியே பயன்படும்.

படிப்பில் ஒரே ஓர் எச்சரிக்கை. “ஊட்டச்சத்து நிபுணர்” என்று சில வாரங்களில் சான்றிதழ் தரும் இணையப் படிப்புகள் மருத்துவமனைக்குள் கூட்டிப்போகாது. ஊட்டச்சத்தும் உணவியலும் சேர்ந்த பட்டம், மேற்பார்வையுடன் கூடிய மருத்துவமனைப் பயிற்சி, பிறகு உணவியல் நிபுணராகப் பதிவு. இந்த மூன்றும் வேண்டும். கல்லூரியில் சேருமுன், அந்தப் பட்டத்தைப் பதிவு அமைப்பு ஏற்கிறதா, பயிற்சி எந்த மருத்துவமனையில் என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். விதிகள் நாட்டுக்கு நாடு வேறு. அமெரிக்காவில் 2024 ஜனவரி முதல் பதிவுத் தேர்வு எழுதவே முதுநிலைப் பட்டம் தேவை. பள்ளியில் வேதியியலையும் உயிரியலையும் அவள் விட்டுவிடக் கூடாது.

இப்போது செய்ய வேண்டியது சிறிய காரியம். தொற்று பயத்தால் தீக்காய வார்டுக்குள் வெளிப் பார்வையாளர்களை எளிதில் விடமாட்டார்கள். ஆனால் மருத்துவமனையின் உணவியல் துறையில், குழந்தைகள் பிரிவுக்குப் போகும் நிபுணருடன் ஒரு நாள் கூட இருக்க அனுமதி கேட்கலாம். நான் கடிதம் தருகிறேன். அன்று மாலை அவள் வீடு திரும்பியதும் “பயமாக இருந்ததா?” என்று கேட்காதீர்கள். “பார்த்த குழந்தைக்கு இன்று எவ்வளவு உள்ளே போனது?” என்று கேளுங்கள். எண்ணைச் சொல்கிறாளா, எவ்வளவு போயிருக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறாளா என்று பாருங்கள். அந்தப் பதிலோடு இருவரும் வாருங்கள். கல்லூரிப் பட்டியலை அப்போது எடுத்து வைக்கிறேன்.